துணிக்குப் பார்க்கிற ஷேட் காஸ்ட் ஷீட்டுக்கும் வேண்டும்

பையர் ஒரு பேண்டோன் எண்ணை அனுப்பினால் என்ன நடக்கும் என்பது திருப்பூரில் எல்லோருக்கும் தெரியும். டையிங்கில் லேப் டிப் போடுவார்கள். லைட் பாக்ஸில் டி65 வெளிச்சத்தில் பார்ப்பார்கள், பிறகு கடை வெளிச்சமான டிஎல்84-இல் பார்ப்பார்கள். அப்ரூவல் வராமல் ஒரு கிலோ துணிகூடச் சாயத்தில் இறங்காது. அதே கம்பெனி அதே பையருக்கு அனுப்பும் காஸ்ட் ஷீட்டைத் திறந்தால் தலைப்பு ஒரு நீலம், கட்டம் வேறொரு நீலம், மேலே இருக்கும் லோகோ மூன்றாவது நீலம்.

ஏற்றுமதி அலுவலகங்களுக்கு எக்செல், பவர்பாயிண்ட் டெம்ப்ளேட் அமைத்துக் கொடுப்பது என் தொழில். "கம்பெனி கலரில் போடுங்கள் என்று எத்தனை தடவை சொல்வது" என்று மெர்ச்சண்டைசர்களைக் கடிந்துகொள்ளும் முதலாளிகளை அடிக்கடி பார்க்கிறேன். அந்தப் பிள்ளைகள் மேல் தவறே இல்லை. லோகோவைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, வண்ணப் பெட்டியில் ஏறக்குறைய ஒத்துப்போகிற நீலத்தைக் கண்ணால் தேடுகிறார்கள். அவரவர் கண்ணும் மானிட்டரும் வேறு. கம்பெனி நிறத்தை ஆள் நினைவில் வைத்திருக்கக் கூடாது, கோப்புக்குள் வைக்க வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸில் 2007 முதலே இதற்கு வழி இருக்கிறது. தீம் வண்ணங்கள் என்று 12 இடங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் நான்கு, அக்சென்ட் என்ற பெயரில் ஆறு, இணைப்புகளுக்கு இரண்டு. எக்செலில் 'பேஜ் லேஅவுட்' தாவலிலும், வேர்டிலும் பவர்பாயிண்டிலும் 'டிசைன்' தாவலிலும் 'கலர்ஸ்' என்று இருக்கும். அதன் அடியில் 'கஸ்டமைஸ் கலர்ஸ்'. அங்கே உங்கள் நீலத்தின் எண்ணை ஒருமுறை கொடுத்துப் பெயரிட்டுச் சேமித்துவிட்டால், வண்ணப் பெட்டியின் மேல்வரிசையிலேயே அது வந்து நிற்கும். அதன் கீழே அதே நிறத்தின் வெளிர், அடர் சாயல்கள் ஐந்தும் தாமாகவே வரும். நாளைக்கு லோகோ மாறினால் கோப்பின் தீமை மாற்றினால் போதும், அந்த வரிசையிலிருந்து எடுத்த எல்லாமே மாறிவிடும். பெட்டியின் அடியில் 'ஸ்டாண்டர்ட் கலர்ஸ்' என்றிருக்கிற ஒற்றை வரிசை மட்டும் எந்தத் தீமுக்கும் அசையாது. பழக்கத்தில் பலர் கைவைப்பது அங்கேதான்.

தீமே அமைக்காத அலுவலகத்துக்கும் ஏதோ ஒரு தீம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, மைக்ரோசாஃப்ட் கொடுத்தது. அதுவும் நிலையாக நிற்பதில்லை. கேலிப்ரி போய் ஆப்டோஸ் எழுத்து வந்தபோது வண்ணங்களும் சேர்ந்து மாறின. பழைய கோப்பிலிருந்து எடுத்த சார்ட்டைப் புதிய பிரசன்டேஷனில் ஒட்டும்போது நிறம் மாறிவிடுகிறது என்று எனக்கு அழைப்பு வருவது அதனால்தான். ஒட்டுகிற இடத்தின் தீமை அது எடுத்துக்கொள்கிறது.

இதுவரை சொன்னது அரை மணி நேர வேலை. அந்த ஆறு அக்சென்ட் இடங்களில் எதை வைப்பது என்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். லோகோவில் நீலமும் மஞ்சளும் இருக்கிறதா, ஆறிலும் அவற்றின் சாயல்களையே நிரப்பச் சொல்கிறார்கள். எக்செல் சார்ட்டில் முதல் கோடு முதல் அக்சென்ட்டை எடுக்கும், இரண்டாவது கோடு இரண்டாவதை. ஆறு பையர்களின் மாதவாரி ஷிப்மெண்ட்டைக் கோடாகப் போட்டால் மூன்று நீலமும் மூன்று மஞ்சளும் பின்னிக்கொண்டு கிடக்கும், எது யாருடையது என்று தெரியாது. சிவப்பு 255, பச்சை 192, நீலம் 0 என்ற மஞ்சளை எடுத்துக்கொள்வோம். வெள்ளைத் தாளில் அதன் மாறுபாடு 1.6-க்கு 1 அளவுதான். சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1 வேண்டும் என்கிறது இணைய அணுகல் வழிகாட்டி நெறி. அந்த மஞ்சளில் எழுதிய தொகையை யாராலும் சிரமமில்லாமல் படிக்க முடியாது. பட்டைக்கும் பின்னணிக்கும் அது நன்றாக இருக்கும், அங்கேயே இருக்கட்டும்.

நம் பையர்களில் பலர் ஐரோப்பாவில் இருப்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் குறை உண்டு. நாமோ டி அண்ட் ஏ (டைம் அண்ட் ஆக்ஷன்) அட்டவணையில் முடிந்ததற்குப் பச்சை, தாமதத்துக்குச் சிவப்பு என்று வெறும் நிறத்தை மட்டும் அடித்து அனுப்புகிறோம். தாமதம் எது என்பதே அந்தக் குறை உள்ள பையருக்குத் தெரியாமல் போகலாம். ஆறு அக்சென்ட்டுக்குள் ஒரு அடர்நீலமும் ஒரு ஆரஞ்சும் இருந்தால் இந்தச் சிக்கல் பெருமளவு தீரும், கட்டத்துக்குள் 'தாமதம்' என்று ஒரு சொல்லும் இருந்தால் இன்னும் நல்லது. லோகோவில் ஆரஞ்சு இல்லையே என்று எம்.டி. கேட்பார். லோகோ நிறம் முதல் இரண்டு அக்சென்ட்டில் இருந்தால் போதும் என்று அவரிடம் துணிந்து சொல்லுங்கள்.

நடைமுறையில் இன்னொரு தடங்கல் உண்டு. நீங்கள் சேமித்த வண்ணத் தொகுப்பு அந்த ஒரு கணினியில் மட்டும்தான் இருக்கும். அது ஒரு சிறிய எக்ஸ்எம்எல் கோப்பு, நோட்பேடிலேயே திறந்து 12 இடங்களையும் வரிசையாகப் படிக்கலாம். அதையே மற்ற கணினிகளின் 'தீம் கலர்ஸ்' ஃபோல்டரில் போடலாம். அதைவிட, தீம் ஏற்றிய காஸ்ட் ஷீட், லெட்டர்பேடு, பிரசன்டேஷன் டெம்ப்ளேட்டுகளை எல்லோரும் எடுக்கிற பொது ஃபோல்டரில் வைப்பது எளிது. புதிதாகச் சேர்கிறவர் முதல் நாளிலேயே சரியான நிறத்தில் வேலையைத் தொடங்குவார்.

நிறங்களை முடிவு செய்யும் கூட்டத்துக்கு டிசைனரையும் எம்.டி.யையும் மட்டும் அழைக்காதீர்கள். தினமும் அந்த ஷீட்டோடு மாரடிக்கிற மெர்ச்சண்டைசர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். எந்தக் கட்டத்தை பையர் முதலில் பார்க்கிறார் என்பது அவருக்குத்தான் தெரியும். டெம்ப்ளேட் தயாரானதும், பேக்கிங் செக்‌ஷனில் இருக்கும் கறுப்பு வெள்ளைப் பிரிண்டரில் ஒரு பிரதி எடுத்துப் பாருங்கள். ஷிப்மெண்ட் விவரம் கடைசியில் போய்ச் சேர்வது அந்தத் தாளாகத்தான். அதில் ஆறு கோடுகளும் பிரிந்து தெரியாவிட்டால், வெளிரையும் அடரையும் மாற்றி மாற்றி வைத்து மறுபடி எடுங்கள்.