எடை கூடுவது குற்றமல்ல, எடையை மறைப்பதுதான் குற்றம்

ஜாக்கிகளின் எடை விதிகளையும், அவற்றின் பேரில் எடுக்கப்படும் ஒழுங்கு நடவடிக்கைகளையும் பற்றி எங்கள் சங்கம் எடுத்திருக்கும் நிலைப்பாடு இது. குதிரை ஓட்டுகிறவர்கள், ஓட்டி ஓய்ந்தவர்கள், லாயத்தில் வேலை பார்ப்பவர்கள், எங்களோடு நிற்கும் சில மருத்துவர்கள் என்று பலரும் பேசி எழுதியது. எடை மேடையில் முள் கூடக் காட்டினால் அது குற்றமல்ல. அந்த முள்ளை ஏமாற்றுவதுதான் குற்றம். இன்றைய நடைமுறையில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான்: ஒழுங்கீனம்.

பந்தயம் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். ஹேண்டிகேப் பந்தயத்தில் திறமையான குதிரைக்கு அதிக எடையும் சுமாரான குதிரைக்குக் குறைந்த எடையும் போடுவார்கள். எல்லாக் குதிரைகளும் ஒன்றாக வந்து முடிக்கவேண்டும் என்பது எடையைக் குறிக்கும் ஹேண்டிகேப்பரின் கனவு. ஜாக்கி சேணத்தோடு மேடையில் ஏறி எடை காட்டிவிட்டுப் போவார். பந்தயம் முடிந்து வந்ததும் மறுபடி ஏறுவார். போனதைவிட அனுமதித்த அளவுக்கு மேல் குறைந்து வந்தால் குதிரை தகுதியிழக்கும். குறித்த எடைக்கு ஜாக்கி லேசாக இருந்தால் சேணத்துணியில் ஈயப் பட்டைகளைச் செருகிச் சரிக்கட்டலாம். கனமாக இருந்தால் என்ன செய்வது? ஈயத்தைக் கூட்டலாம், சதையைக் கழற்றி வைக்க முடியாது.

கென்டக்கி டெர்பி போன்ற பெரிய பந்தயங்களில் இந்தத் தொல்லை அதிகமில்லை. அங்கே ஆண் குதிரைக்கு 126 பவுண்டு, அதாவது 57 கிலோ. பட்டினி நடப்பது சாதாரண நாளின் கடைசி வகுப்புப் பந்தயத்தில், ஹேண்டிகேப்பின் அடிமட்டத்தில். நம் ஊர் ரேஸ் கார்டிலும் 50, 51 என்ற எண்களைப் பார்க்கலாம். பெயர் வாங்கிய ஜாக்கி அந்தக் குதிரையை வேண்டாம் என்று சொல்லிவிடுவார். இன்னும் பெயர் எடுக்காத பையனுக்கு அந்த வசதி கிடையாது.

அந்தப் பையன் என்ன செய்கிறான் என்பது எங்களில் பலருக்கு உடம்பில் எழுதியிருக்கும் விஷயம். முதல் நாள் ராத்திரியிலிருந்து தண்ணீர் இல்லை. ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு வெயிலில் ஓட்டம். பேதி மாத்திரை, சிறுநீர் பிரியும் மாத்திரை, விரலை விட்டு வாந்தி. அமெரிக்காவில் சில ஜாக்கி அறைகளில் வாந்தியெடுப்பதற்கென்றே தனித் தொட்டி வைத்திருந்தார்கள். நிர்வாகத்துக்குத் தெரியாமல் யாரும் தொட்டி கட்டிவிட முடியாது.

மாத்திரை விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. சிறுநீர் பிரியக் கொடுக்கும் ஃபுரோசமைடு என்ற மருந்தை அமெரிக்காவின் பல மைதானங்களில் பந்தய நாளன்றே குதிரைக்கு ஊசியாகப் போடலாம். ஓடும்போது நுரையீரலில் ரத்தம் கசியாமலிருக்க என்பார்கள். அதே மருந்து, உலக ஊக்கமருந்துத் தடுப்புப் பட்டியலின்படி, மனிதனுக்குத் தடைசெய்யப்பட்டது. இரண்டு கிலோ குறைக்க அதை விழுங்கிய ஜாக்கி பரிசோதனையில் மாட்டினால் பெயருக்குப் பக்கத்தில் ‘ஊக்கமருந்து’ என்ற சொல் ஏறிவிடுகிறது. அவன் எதையும் ஊக்கிக்கொள்ளவில்லை. ரேஸ் கார்டு கேட்ட எண்ணைக் கொடுத்தான், அவ்வளவுதான்.

ராண்டி ரொமேரோவின் கதையை எங்கள் உறுப்பினர்களுக்கு நாங்கள் அடிக்கடி சொல்வோம். 1983-ல் ஆர்கன்சாஸ் மாநிலத்தின் ஓக்லான் பார்க்கில், எடை குறைக்க வியர்வை அறைக்குள் இருந்தபோது விளக்கு வெடித்துத் தீப்பிடித்தது. உடம்பில் பாதிக்கு மேல் வெந்துபோனது. பிழைத்தார், திரும்பி வந்தார், 1988-ல் பெர்சனல் என்சைன் என்ற தோல்வியே காணாத குதிரையை அதன் கடைசிப் பந்தயத்திலும் ஜெயிக்கவைத்தார். பின்னாளில் சிறுநீரகம் போனது. சாப்பிட்டதை ஆண்டுக்கணக்காக வாந்தியெடுத்து எடையைக் காத்ததை அவரே வெளிப்படையாகப் பேசினார். 2019-ல் காலமானார். அவர் மேல் பந்தயத்தை மேற்பார்க்கும் எந்த ஸ்டூவர்டும் எடைக்காகக் குற்றம் சுமத்தியிருக்க முடியாது. மேடை கேட்டதைக் கொடுத்துக்கொண்டேதான் இருந்தார்.

இன்னும் பின்னால் போனால் ஃபிரெட் ஆர்ச்சர். இங்கிலாந்தில் 13 முறை சாம்பியன் ஜாக்கி. ஓட்டத்துக்கு ஒவ்வாத உயரம். அவருக்காகவே தயாரித்த கடும் பேதி மருந்துக்கு ‘ஆர்ச்சர் கலவை’ என்றே பெயர் விழுந்தது. 1886-ல் கேம்பிரிட்ஜ்ஷயர் பந்தயத்துக்காகப் பட்டினி கிடந்தும் ஒரு பவுண்டு இறங்கவில்லை. அதை மறைக்காமல் அறிவித்து ஓட்டினார், ஒரு தலை வித்தியாசத்தில் தோற்றார். சில நாட்களில் காய்ச்சலில் விழுந்தார். அந்த நவம்பர் 8-ம் தேதி தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டார். வயது 29. மனைவியை இழந்த துயரமும் அதில் உண்டு, எல்லாவற்றையும் எடையின் தலையில் கட்ட நாங்கள் விரும்பவில்லை. எங்கள் கவனத்தில் நிற்பது அந்த ஒரு பவுண்டு. 1886-லேயே, கூடுதலாக இருந்தால் சொல்லிவிட்டு ஓட்டலாம் என்ற வழி இருந்திருக்கிறது.

இனி மறைப்பது பற்றி. 2005-ல் நியூயார்க்கில் எடை மேடைப் பொறுப்பாளர்கள் இருவர் மேல், ஜாக்கிகள் கூடுதல் எடையோடு ஓட்டுவதைத் தெரிந்தே விட்டு, பதிவேட்டில் குறைத்து எழுதினார்கள் என்று மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் கிரிமினல் வழக்குத் தொடுத்தது. இருவரில் ஒருவர் பிராலியோ பேசா; 1963-ல் கென்டக்கி டெர்பி ஜெயித்தவர், பந்தயப் புகழரங்கில் இடம் பெற்றவர். வழக்கு வருவதற்கு முன்பே வேலை போய்விட்டது. 2007-ல் வழக்கு கைவிடப்பட்டது, குற்றம் எதுவும் நிரூபணமாகவில்லை.

இந்த வழக்கில் நாங்கள் யார் பக்கமும் பேசவில்லை. இதிலிருந்து எங்களுக்குத் தோன்றுவது வேறு. எடைக் கணக்கில் எது சேரும், எது சேராது என்பதே பல நாடுகளில் பல விதம். தலைக்கவசம், சவுக்கு பெரும்பாலும் சேராது. பாதுகாப்பு அங்கிக்குச் சில இடங்களில் சலுகை உண்டு. ஜாக்கியின் நிர்வாண எடையும் மேடை எடையும் ரேஸ் கார்டு எடையும் மூன்று வெவ்வேறு எண்கள். எழுதப்படாத சலுகைகள் புழங்கும் இடத்தில் நேர்மையானவனும் குற்றவாளிபோலத் தெரிவான், குற்றவாளியும் ‘இதெல்லாம் வழக்கம்தானே’ என்று தப்பிப்பான். குதிரை மேல் பணம் கட்டியவருக்கோ எந்த எண்ணை நம்புவது என்றே தெரியாது. ஆகவே பதிவேட்டில் பொய் எழுதுவது, பந்தயத்துக்குப் பிறகு எடையைச் செருகுவது, மேடைப் பொறுப்பாளருக்குக் காசு கொடுப்பது, இவற்றுக்கு உரிமம் பறிப்பதுவரை தண்டிக்கலாம். எங்கள் உறுப்பினர் என்பதற்காக யாருக்கும் வக்காலத்து வாங்க மாட்டோம்.

ஆனால் விசாரிப்பது யார்? இந்தியாவில் பந்தயத்தை நடத்தும் டர்ஃப் கிளப்தான் விதி எழுதுகிறது, அதன் ஸ்டூவர்டுகள்தான் குற்றம் சாட்டுகிறார்கள், அவர்களே தீர்ப்பும் சொல்கிறார்கள். குதிரை உரிமையாளர்களும் இருக்கும் சபை அது. ஜாக்கிக்கு வக்கீலும் இல்லை, அவகாசமும் இல்லை. மனதில் பட்டதைச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டு வருகிறான். குற்றம் சாட்டுபவரும் தீர்ப்புச் சொல்பவரும் வேறு வேறு ஆளாக இருக்கவேண்டும் என்று கேட்பது பெரிய புரட்சி அல்ல.

சென்னை கிண்டி பந்தய மைதானத்தின் ஏறக்குறைய 160 ஏக்கர் நிலம், குத்தகை பாக்கி, சீல் வைத்தது என்றெல்லாம் பத்திரிகைகளில் நிறைய வந்தாயிற்று. அந்த மைதானத்தில் ஓட்டியவர்களின் உடம்பைப் பற்றி ஒரு பத்தி வந்ததாக எங்களுக்கு ஞாபகமில்லை. இத்தனைக்கும், பந்தயத்தை ஒழிக்கத் தமிழ்நாடு 1974-ல் கொண்டுவந்த சட்டத்தைத் தாண்டி இந்த விளையாட்டு பிழைத்ததே திறமை என்ற ஒரு சொல்லால்தான். குதிரைப் பந்தயம் அதிர்ஷ்டத்தை நம்பிய சூதாட்டமல்ல, திறமை சார்ந்த விளையாட்டு என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது; ஓட்டுபவரின் திறமையும் அந்தக் கணக்கில் உண்டு. நீர் வற்றிய உடம்பில் பிடி தளரும், கண் இருட்டும், முடிவெடுக்கக் கை தாமதிக்கும். சுற்றிலும் பத்துக் குதிரைகள், மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகம். தடுமாறுகிறவன் தான் மட்டும் விழமாட்டான்.

பிரிட்டனில் கொரோனாவுக்காக மூடிய மைதான சானாக்களை, அதாவது வியர்வை அறைகளை, திரும்பத் திறக்கவேயில்லை. சானா இல்லாமல் ஓட்ட முடியாது என்றவர்களும் இன்று ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதோடு அடிமட்ட எடையையும் அங்கே உயர்த்தினார்கள். சானாவை மூடிவிட்டு எடையை மட்டும் அப்படியே வைத்திருந்தால் பையன்கள் வீட்டுக் குளியலறையில் வெந்நீரை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

எந்த ஹேண்டிகேப்பிலும் 52 கிலோவுக்குக் கீழே எடை போடக் கூடாது என்று கேட்கிறோம். இதில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். இயல்பாகவே 47, 48 கிலோ இருக்கும் உறுப்பினர்கள் சிலர், லேசாக இருப்பதால் கிடைக்கும் வாய்ப்பு இதனால் போய்விடும் என்று எதிர்த்தார்கள். நியாயமான பயம்தான். வாக்கெடுப்பில் தோற்றாலும் அவர்கள் கருத்து பதிவாகியிருக்கிறது.

குதிரையின் கால் தாங்குமா என்று உரிமையாளர்கள் கேட்பார்கள். அதே குதிரையைத் தினமும் காலையில் பயிற்சிக்கு ஓட்டும் ரைடிங் பாய் பல நேரம் அறுபது கிலோவுக்கு மேல். பந்தய வேகம் வேறு என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனாலும் அதே பந்தயத்தில் உச்ச எடைக் குதிரை அறுபது கிலோ சுமந்து ஓடுகிறதே, அதன் கால் மட்டும் இரும்பா?

கூடுதல் எடையைக் குறித்த நேரத்துக்குள் அறிவித்தவருக்கு அபராதமோ இடைநீக்கமோ கூடாது. அந்த எண் பந்தயப் பலகையிலும் ஒலிபெருக்கியிலும் வரட்டும்; அரை கிலோ, ஒரு கிலோ எவ்வளவு பெறும் என்பதைப் பணம் கட்டுகிறவர் கணக்குப் போட்டுக்கொள்வார். திரும்பத் திரும்பக் கூடுகிறவரை ஸ்டூவர்ட் அறைக்கு அனுப்பாமல் மருத்துவரிடம் அனுப்பவேண்டும். எடை மேடைக்குப் பக்கத்தில் சிறுநீர்ப் பரிசோதனை வைத்து, உடம்பில் நீர் வற்றியவரை அன்று ஓட்டவிடக் கூடாது. அன்றைய ஓட்டக் கூலியைக் கிளப் கொடுக்கவேண்டும். கூலி போய்விடும் என்ற பயம் இருக்கும்வரை எந்தப் பையனும் உண்மையைச் சொல்ல மாட்டான்.

இந்த அறிக்கை எல்லா டர்ஃப் கிளப்புகளுக்கும் பதிவுத் தபாலில் போகிறது. பதில் வரும்வரை எங்கள் உறுப்பினர்கள் எடை கூடினால் முதல் நாள் மாலையே எழுத்தில் தெரிவிப்பார்கள். நகல் சங்கத்தில் இருக்கும். அப்படித் தெரிவித்தவருக்கு அபராதம் விதித்தால் சங்கம் அதைக் கட்டிவிட்டு மேல்முறையீடு செய்யும்.