கலனில் 4500 இருக்கட்டும், வெளியே எவ்வளவு?

"மூவாயிரமா, நாலாயிரத்து ஐந்நூறா அண்ணே?"

நம் கழகத்தின் பெயிண்ட்பால் பயணத்தில் பேருந்து பல்கலைக்கழக வாசலைத் தாண்டுவதற்குள் இந்தக் கேள்வி எழுந்துவிடும். சொந்தமாகக் காற்றுக் கலன் வைத்திருக்கும் மூத்த மாணவர் ஒருவரோ இருவரோ எப்போதும் இருப்பார்கள். "நாலாயிரத்து ஐந்நூறு" என்று பதில் வந்தால் சுற்றியிருக்கும் தம்பிகளின் கண்கள் விரியும். "மூவாயிரம்" என்றால், பாவம், அவர் கலனைப் பைக்குள் தள்ளிவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். நானும் அப்படித் திரும்பிக்கொண்டவன்தான். பிறகு ஓர் ஆண்டு பகுதிநேர வேலைச் சம்பளத்தைச் சேர்த்து 4500 கலனை வாங்கியவனும் நான்தான். அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன்: நாம் தவறான எண்ணைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

3000, 4500 என்பதெல்லாம் கலனுக்குள் எவ்வளவு அழுத்தத்தில் காற்றை அடைக்கலாம் என்பதைக் குறிக்கும் பி.எஸ்.ஐ. அளவு. பந்து எவ்வளவு வேகமாகப் பறக்கும் என்பதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பே கிடையாது. பந்தின் வேகத்தை எல்லாக் களங்களிலும் வேகமானி வைத்து அளந்து விநாடிக்கு 280 அல்லது 300 அடிக்குள் கட்டுப்படுத்திவிடுகிறார்கள். 4500 கலன் தருவது வேகத்தை அன்று, எண்ணிக்கையை. 48 கன அங்குல அலுமினியக் கலனில் 3000 அடைத்தால் ஏறக்குறைய 450 முதல் 500 பந்துகள் சுடலாம். 68 கன அங்குலக் கார்பன் இழைக் கலனில் 4500 அடைத்தால் ஆயிரத்தை நெருங்கலாம். எடையும் கூடாது. நல்ல பொருள்தான், மறுக்கவில்லை.

ஆனால் அதை நிரப்புவது யார்? முக்குளிப்போர் பயன்படுத்தும் பெரிய உருளையிலிருந்து காற்றைப் பகிர்ந்து நிரப்பும் களமாக இருந்தால், அந்த உருளையிலேயே இருப்பது பெரும்பாலும் 3000தான். மூவாயிரத்திலிருந்து நாலாயிரத்து ஐந்நூறு எப்படி வரும்? நான் முதன்முதலாக என் புதுக் கலனைத் தூக்கிக்கொண்டு போன களத்தில் இதுதான் நடந்தது. கொடுத்த காசில் மூன்றில் ஒரு பங்கு வெறும் பெருமையாக என் தோளில் தொங்கியது.

சரி, அப்படியானால் எந்த எண்ணைக் கேட்க வேண்டும்? வெளியே வரும் எண்ணை. கலனின் கழுத்தில் இருக்கும் ரெகுலேட்டர், அதாவது அழுத்தச் சீராக்கி, உள்ளே 3000 இருந்தாலும் 1000 இருந்தாலும் வெளியே ஏறக்குறைய 800 அல்லது 850ஐ மட்டும் விடுகிறது. குறைந்த அழுத்த வகையில் இது 450 ஆக இருக்கும். நம் வீட்டுச் சமையலறையில் கேஸ் தோம்பின் தலையில் அம்மா மாட்டுகிறாரே, அதே தத்துவம்தான். உள்ளே ஒரு சுருள்வில், ஒரு சிறு உந்து தண்டு, அது வந்து அமரும் ஓர் இருக்கை. வெளிப்பக்கம் அழுத்தம் குறைந்தால் வில் தண்டைத் தள்ளி வழியைத் திறக்கும். அழுத்தம் நிறைந்ததும் காற்றே தண்டைத் திருப்பித் தள்ளி வழியை அடைத்துவிடும். ஒவ்வொரு பந்துக்கும் இந்தத் திறப்பும் அடைப்பும் நடந்தாக வேண்டும்.

இந்த இருக்கையில் ஒரு கீறல், ஒரு மணல் துகள் இருந்தால் போதும். வழி முழுதாக அடைபடாது. 800இல் நிற்க வேண்டிய அழுத்தம் மெல்ல மெல்ல ஏறும். தொடர்ந்து சுட்டுக்கொண்டிருந்தால் இது தெரியவே தெரியாது. ஒரு தடுப்பின் பின்னால் இரண்டு நிமிடம் பதுங்கியிருந்துவிட்டு எழுந்து சுடும் அந்த முதல் பந்தில்தான் தெரியும்.

நான் இறுதியாண்டு படிக்கும்போது முதலாமாண்டுத் தம்பி ஒருவனுக்குக் கழுத்தோரம் அப்படியொரு பந்து பட்டது. பெயிண்ட்பாலில் தழும்பு சாதாரணம்தான். இது சாதாரணமாக இல்லை, தோல் கிழிந்திருந்தது. சுட்டது என் வகுப்புத் தோழி. அவர் கையில் இருந்தது வாடகை மார்க்கர், வாடகைக் கலன். காலையில் 280க்குள் என்று சரிபார்த்து வாங்கியதுதான். "நான் ஒன்றும் செய்யவில்லையே" என்று அழுதே விட்டார். களத்தில் நீண்ட காலமாக வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் அந்த மார்க்கரை வாங்கி வேகமானியின் முன் ஐந்தாறு முறை சுட்டார். எல்லாம் 280க்குள். பிறகு அதைக் கீழே வைத்து, ஒரு சிகரெட்டை முடித்துவிட்டு வந்து மீண்டும் சுட்டார். 320ஐத் தாண்டியது. 280க்கும் 320க்கும் நாற்பதுதானே வேறுபாடு என்று எண்ண வேண்டாம். மோதும் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். கணக்குப் போட்டால் முப்பது விழுக்காடு கூடுதல்.

விலை உயர்ந்த மின்னணு மார்க்கர்களில் பெரும்பாலும் சொந்தமாக இன்னொரு சீராக்கி இருக்கும். கலனிலிருந்து வரும் 800ஐ அது 150, 200 என்ற அளவுக்கு மீண்டும் குறைத்துச் சமப்படுத்தும். முதல் சீராக்கி கொஞ்சம் தடுமாறினாலும் இரண்டாவது தாங்கிக்கொள்ளும். வாடகைக்குக் கிடைக்கும் டிப்மன் 98 போன்ற எளிய மார்க்கர்களில் அந்த இரண்டாம் காவல் இல்லை. கலனின் கழுத்தில் இருப்பதுதான் ஒரே காவல். ஆக, எளிய மார்க்கர் வைத்திருப்பவருக்குத்தான் நல்ல சீராக்கி அதிகம் தேவை. நாமோ இதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறோம். இந்த வகை மார்க்கருக்கு 850 வகைக் கலனே பொருந்தும். 450 வகையை மாட்டினால் பந்து சோர்ந்து விழும், மார்க்கரும் திணறும்.

கரியமில வாயுக் கலன் மலிவாயிற்றே என்பார்கள். குளிர்நாட்டுக்காரர்கள் சொல்லட்டும். திரவமாக இருக்கும் அந்த வாயுவின் அழுத்தம் 20 பாகையில் ஏறக்குறைய 830. 30 பாகையில் ஆயிரத்தைத் தாண்டிவிடும். 31 பாகைக்கு மேல் திரவம் என்ற நிலையே இல்லை. நம் ஊர் நண்பகலில் களம் எத்தனை பாகை என்று நான் சொல்ல வேண்டுமா? காலை ஒன்பது மணிக்குச் சரிபார்த்த வேகம் பன்னிரண்டு மணிக்குச் செல்லாது. கார் பின்பெட்டியில் முழுக் கலனை வைத்துவிட்டு நாசி லெமாக் சாப்பிடப் போகிறவர்களுக்குப் பாதுகாப்புத் தகடு கிழிந்து பேரிரைச்சலோடு பாடம் நடத்தும்.

ஆகவே என் தேர்வு இதுதான்: மாதம் ஒருமுறை விளையாடும் மாணவருக்கு 48 கன அங்குலம், 3000, 850 வெளியீடு. மிச்சப்படும் வெள்ளியில் சீராக்கியை ஆண்டுக்கொரு முறை திறந்து பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அதில் நீங்களாக எண்ணெய் விடாதீர்கள். உயர் அழுத்தக் காற்றோடு எண்ணெய் சேர்ந்தால் தீப்பற்றும். பழைய கலனை வாங்கும் தம்பி தங்கைகள் முதலில் அதன் உடலில் பொறித்துள்ள தேதியைப் படிக்க வேண்டும். அமெரிக்க விதிப்படி தயாரான அலுமினியக் கலனை ஐந்தாண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். கார்பன் இழைக் கலனுக்குச் சோதனை போக, பொதுவாகப் பதினைந்து ஆண்டு என்ற ஆயுள் வரம்பும் உண்டு. "அண்ணன் பாதி விலைக்குத் தருகிறார்" என்ற பாசத்தில் பதினான்காம் ஆண்டுக் கலனை வாங்காதீர்கள். மார்க்கரைச் சொந்தமாக வைத்திருப்பதற்குச் சட்டக் கட்டுப்பாடு உண்டு என்பதையும் மறவாதீர்; காவல்துறையிடம் விதிகளைக் கேட்ட பிறகே அந்தப் பேச்சு.

இன்னொன்று. கலனைக் கழற்றும்போது கலனோடு சீராக்கியும் சேர்ந்து சுழல்கிறதா என்று பாருங்கள். கலன் மட்டும் தனியே சுழன்றால் கையை எடுத்துவிடுங்கள். அமெரிக்காவில் கரியமில வாயுக் கலனின் வால்வு இப்படிக் கழன்று பறந்து உயிர்கள் போயிருக்கின்றன. இரண்டும் சேரும் இடத்தில் குறுக்காக ஒரு நகப்பூச்சுக் கோடு போட்டு வைத்தால், அது விலகியதா என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். என் கலனில் இருக்கும் கோடு தங்கையின் உபயம், இளஞ்சிவப்பு நிறம். கேலி செய்பவர்கள் செய்யட்டும்.

கழகச் செயலவைக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பயணத்தில் வேகமானியின் முன் ஒவ்வொரு மார்க்கரையும் சுட்டு, இரண்டு நிமிடம் விட்டு, மீண்டும் சுட்டுப் பார்க்க வேண்டும். அறுபது பேருக்கு இரண்டு மணி நேரம் ஆகுமே என்று பொருளாளர் சொல்வார் என்பது எனக்குத் தெரியும். ஆகாது. அறுபதையும் வரிசையாக ஒரு சுற்றுச் சுட்டு, வரிசையாகவே கீழே வைத்துவிட்டால், கடைசி ஆள் முடிப்பதற்குள் முதல் மார்க்கருக்கு வேண்டிய காத்திருப்பு முடிந்திருக்கும். எல்லாரும் முகக்கவசம் மாட்டிப் படம் எடுத்து முடிக்க நாம் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் நேரத்தில் இரண்டாம் சுற்றும் முடிந்துவிடும்.