கணினி விழிக்கும் நொடியில் பிறக்கும் எண்

2019 செப்டம்பரில், லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னலின், வெளியீட்டுக்குத் தயாராகிக்கொண்டிருந்த பதிப்பு ஒன்று சோதனையின்போது பூட் ஆகாமல் பாதியில் நின்றது. எதுவும் பழுதாகவில்லை. எக்ஸ்ட்4 கோப்பு அமைப்பில் வட்டை வாசிக்கும் முறையைச் செப்பனிட்டு வேகப்படுத்தியிருந்தார்கள், அவ்வளவுதான். அதனால் வட்டுக்குப் போகும் கோரிக்கைகள் குறைந்தன. அந்தக் கோரிக்கைகள் முன்பின்னாக வந்துசேரும் நேரத்தில் இருக்கும் ஒழுங்கின்மையைத்தான் கர்னல் தன் ரேண்டம் எண்களுக்கு மூலப்பொருளாகச் சேகரித்துவந்தது. கோரிக்கைகள் குறைந்ததும் மூலப்பொருளும் குறைந்தது. உள்நுழைவுத் திரையைக் கொண்டுவர வேண்டிய நிரல் ஒரு ரேண்டம் எண்ணைக் கேட்டுவிட்டு, வராத எண்ணுக்காகக் காத்துக் கிடந்தது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த வேக மாற்றத்தையே தற்காலிகமாகத் திரும்பப் பெற்ற பிறகுதான் பதிப்பு வெளிவந்தது.

அந்தத் தடங்கல் ஒரு நல்வாய்ப்பு. பற்றாக்குறை கண்ணுக்குத் தெரிந்தது; உடனே ஆட்கள் கூடிப் பேசினார்கள். ரேண்டம் எண்களின் பற்றாக்குறை பெரும்பாலும் அப்படித் தெரிவதில்லை. கணினி வழக்கம்போல் விழிக்கும், செயலிகள் ஓடும், எந்தச் சோதனையும் தோற்காது. காவல் மட்டும் இல்லாமல் போயிருக்கும். இயங்குதளத்தின் நினைவகப் பாதுகாப்பைப் பற்றி நடந்த விவாதங்களில் இந்த ஓசையில்லாத இழப்புக்கு உரிய கவனம் கிடைக்கவே இல்லை என்பது என் மனக்குறை.

நினைவகத்துக்கும் ரேண்டம் எண்ணுக்கும் என்ன தொடர்பு? 1988 நவம்பரில் இணையத்தை முடக்கிய மாரிஸ் வார்ம் நுழைந்த வழிகளில் ஒன்று, ஃபிங்கர் என்ற சேவையில் இருந்த பஃபர் ஓவர்ஃப்ளோ. ஒதுக்கிய இடத்துக்கு மேல் தகவலை வழியவிட்டு, நிரல் அடுத்து எங்கே செல்ல வேண்டும் என்று சொல்லும், அருகில் இருக்கும் திரும்பு முகவரியை மாற்றி எழுதும் உத்தி அது. இது பலிக்க வேண்டுமானால் எந்த முகவரிக்குத் திருப்புவது என்று தாக்குபவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். அக்காலத்தில் தெரிந்தது; ஏனெனில் ஒரே நிரல் ஒரே வகைக் கணினிகளில் எல்லாம் ஒரே முகவரியில்தான் உட்கார்ந்திருக்கும். வீட்டின் உள்ளமைப்பு அத்துபடியான திருடனுக்கு இருட்டு ஒரு தடையே இல்லை. ஆனால் பீரோ ஒவ்வோர் இரவும் இடம் மாறினால் அவன் தடுமாறுவான். இதுதான் முகவரிகளைக் கலைத்துப்போடும் ஏஎஸ்எல்ஆர் முறை. 2001இல் பேக்ஸ் என்ற குழு லினக்ஸுக்கு இதை எழுதியது. 2003இல் ஓப்பன்பிஎஸ்டி 3.4, 2005இல் லினக்ஸ் 2.6.12, 2007இல் விண்டோஸ் விஸ்டா என்று ஒவ்வோர் இயங்குதளமாக ஏற்றுக்கொண்டது. 2014இல் லினக்ஸ் கர்னல் 3.14 தன்னையே இடம் மாற்றி வைத்துக்கொள்ளக் கற்றது. அதன் பெயர் கேஏஎஸ்எல்ஆர்.

திரும்பு முகவரிக்கு முன்னால் ஒரு ரகசிய எண்ணை வைத்து, அது கலைந்திருக்கிறதா என்று பார்க்கும் கேனரி முறை 1998இலேயே ஸ்டாக்கார்டு வழியாக வந்துவிட்டது. இன்று கர்னலுக்குள் இருக்கும் காலி நினைவகத் துண்டுகளின் வரிசையும் கலைக்கப்படுகிறது, அவற்றை இணைக்கும் சுட்டிகள் ஒரு ரகசிய எண்ணோடு கலந்து மறைக்கப்படுகின்றன. லினக்ஸ் 5.13 முதல், நிரல் ஒவ்வொரு முறை கர்னலை அழைக்கும்போதும் ஸ்டாக்கின் தொடக்கத்தை நகர்த்தி வைக்கும் வசதியும் உண்டு. இவை எல்லாமே ஓர் எண்ணை வெளியார் ஊகிக்க முடியாது என்ற ஒற்றை நம்பிக்கையில் நிற்பவை. ஊகிக்க முடிந்தால் இத்தனை அடுக்கும் ஒரே நேரத்தில் சரியும்.

எவ்வளவு பெரிய எண் என்பது முதல் கேள்வி. 2004இல் ஹோவாவ் ஷாக்கமும் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்களும், ஏஎஸ்எல்ஆர் பூட்டிய 32-பிட் லினக்ஸில் ஓடிய அப்பாச்சி சர்வரைத் தாக்கிப் பார்த்தார்கள். முகவரியில் ஊகிக்க வேண்டியிருந்தது 16 பிட். அதாவது 65,536 வாய்ப்புகள். தவறாக ஊகித்தால் சர்வரின் ஒரு கிளை சாகும், அதே முகவரி அமைப்போடு இன்னொன்று பிறக்கும். சராசரியாக 216 நொடிகளில் உள்ளே போய்விட்டார்கள். கர்னலின் நிலை வேறு. அங்கே ஓர் ஊகம் தவறினால் முழுக் கணினியும் விழுந்துவிடக்கூடும். மறுபடி விழிக்கும்போது இடம் மாறியிருக்கும். எனவேதான் எக்ஸ்86 கணினிகளில் கர்னல் நிரலுக்கு ஏறக்குறைய 500 இடங்கள் மட்டுமே இருந்தும் அந்தக் காவலுக்குப் பொருள் இருக்கிறது. ஆனால் அந்த 500இல் ஒன்று உண்மையிலேயே தற்செயலாகத் தேர்வாக வேண்டும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

கர்னல் தனக்கான இடத்தைத் தேர்ந்தெடுக்கும் நொடியில் அதனிடம் ரேண்டம் எண் எந்திரமே கிடையாது. அந்த எந்திரம் கர்னலின் ஒரு பகுதி. கர்னலோ இன்னும் நினைவகத்தில் விரிக்கப்படவில்லை. வட்டு ஓடவில்லை, வலை இணைப்பு இல்லை, யாரும் விசையைத் தொடவில்லை. ஒரு கணினியின் வாழ்வில் எதிர்பாராதது மிகக் குறைவாக நிகழும் கட்டம் அது. மிக முக்கியமான ரகசியங்களை எடுக்க வேண்டியதும் அப்போதுதான். எக்ஸ்86இல் செயலியின் ஆர்டிரேண்ட் கட்டளை, கடிகாரச் சுழற்சிகளின் எண்ணிக்கை என்று கையில் கிடைப்பதைக் கலந்து ஒப்பேற்றுகிறார்கள். ஆர்ம் 64-பிட் கருவிகளில் நிலைமை இன்னும் வெளிப்படை. கர்னலை ஏற்றும் பூட்லோடர், ரேண்டம் எண்களுக்குத் தொடக்கமாக ஒரு விதை எண்ணைக் கையில் கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லை, செயலியிலும் அதற்கான கட்டளை இல்லை என்றால், விதை இல்லாததால் கேஏஎஸ்எல்ஆர் முடக்கப்பட்டது என்று பதிவேட்டில் ஒரே ஒரு வரி எழுதிவிட்டுக் கர்னல் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். அந்த வரியை எத்தனை பேர் வாசிப்பார்கள்? கருவி நன்றாகத்தானே ஓடுகிறது!

பணபலமும் ஆள்பலமும் உள்ள நிறுவனங்களே இந்தக் கட்டத்தில் சறுக்கியிருக்கின்றன. ஆப்பிளின் ஐஓஎஸ் 7 கர்னலில், தொடக்க நொடிகளுக்கென்றே தனி ரேண்டம் எண் உருவாக்கி புதிதாக எழுதப்பட்டது. ஸ்டாக் காவல் எண், நினைவக ஒதுக்கீட்டு அடையாள எண்கள் போன்றவை அதிலிருந்துதான் வந்தன. அது பயன்படுத்தியது நேரியல் ஒருங்கிசைவு முறை: முந்தைய எண்ணை ஒரு மாறிலியால் பெருக்கு, இன்னொரு மாறிலியைக் கூட்டு, ஒரு நிலையான எண்ணால் வகு, மீதியே அடுத்த எண். பாடநூலில் மாணவர்களுக்குச் சொல்லித்தரும் முறை இது. சில வெளியீடுகள் கிடைத்தால் உள்நிலையைக் கணக்கிட்டுவிடலாம். அங்கிருந்து முன்னும் பின்னும் நகரலாம். மிகக் கடுமையான சாண்ட்பாக்ஸுக்குள் அடைபட்ட சாதாரணச் செயலிகூட இதைச் செய்ய முடியும் என்று 2014இல் அசிமத் செக்யூரிட்டியின் டார்யேய் மாண்ட் நிரூபித்தார். பூட்டுகள் எல்லாமே நல்ல பூட்டுகள். சாவி வெட்டிய எந்திரம்தான் சரியில்லை.

விலை குறைந்த கருவிகளில் இதே நோய் வேறு உருவில் வரும். 2012இல் நாடியா ஹெனிங்கர், ஜாகிர் துருமெரிக் உள்ளிட்டோர் இணையம் முழுவதையும் துழாவி மறைகுறி விசைகளைச் சேகரித்தார்கள். டிஎல்எஸ் என்ற பாதுகாப்பு நெறிமுறையைப் பயன்படுத்தும் சேவைகளில் 0.5 சதவீதத்தின் ஆர்எஸ்ஏ ரகசிய விசைகளை வெறும் கணக்குப் போட்டே எடுக்க முடிந்தது. வெவ்வேறு கருவிகள் ஒரே பகா எண்ணைத் தேர்ந்தெடுத்திருந்ததுதான் காரணம். அவற்றில் மிகப் பெரும்பாலானவை ரவுட்டர், ஃபயர்வால் போன்ற திரையில்லாப் பெட்டிகள். ஒரே தொழிற்சாலை, ஒரே மென்பொருள் நகல், பூட் ஆன முதல் நொடிகளில் ஒரே அமைதி. அந்த நொடிகளில் கர்னல் தந்த எண்களும் ஒன்றாகவே இருந்தன. அந்த ஆய்வு பேசியது மறைகுறி விசைகளைப் பற்றி. நினைவகக் காவல் எண்களுக்கு இப்படி ஊரறியத் தணிக்கை செய்ய வழியில்லை. அவை வெளியே வருவதே இல்லை. அதனால்தான் எனக்கு இதில் கூடுதல் கவலை.

2013க்குப் பிறகு பொதுவெளிப் பேச்சு முழுக்க இன்னொரு திசையில் போனது. எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்களை அடுத்து, டூயல் ஈசி என்ற தரமாக்கப்பட்ட ரேண்டம் எண் முறையில் அமெரிக்க உளவு அமைப்பு பின்கதவு வைத்ததா என்ற சந்தேகம் வலுத்தது. அப்படியானால் இன்டெல் செயலிக்குள் இருக்கும் ஆர்டிரேண்டை மட்டும் எப்படி நம்புவது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. லினக்ஸும் ஃப்ரீபிஎஸ்டியும் கண்ட விடையும் நியாயமானது: எந்த ஒரு மூலத்தையும் தனியாக நம்பாதே, எல்லாவற்றையும் கலந்துவிடு. ஒன்று பொய்த்தாலும் மற்றவை காப்பாற்றும். 2019இல் ஏஎம்டியின் ரைசன் 3000 செயலிகள் வெளிவந்தபோது சிலவற்றில் ஆர்டிரேண்ட் எத்தனை முறை கேட்டாலும் எல்லா பிட்டும் 1 ஆன ஒரே எண்ணைத் தந்தது; வெற்றி என்றும் கூடவே சொன்னது. அதை நேராக நம்பிய மென்பொருள்கள் திணறின. உளவாளி தேவைப்படவில்லை, சாதாரணப் பிழையே போதுமானதாக இருந்தது. சில்லு நிறுவனத்தின் நேர்மை பற்றி எழுதப்பட்ட பக்கங்களில் பத்தில் ஒரு பங்காவது, விதை இல்லாமல் விழிக்கும் கருவிகளைப் பற்றி எழுதப்பட்டிருக்கலாம்.

பெற்ற பிட்டுகளையும் நாமே கவனமில்லாமல் இழக்கிறோம். 64-பிட் லினக்ஸில் ஒரு நூலகத்தின் முகவரிக்கு இயல்பாக 28 பிட் தற்செயல் உண்டு. 26 கோடிக்கும் மேற்பட்ட இடங்கள். 2022இல் வந்த 5.18 பதிப்பில், பெரிய கோப்புகளை 2 எம்பி எல்லையில் பொருத்தி வைத்தால் வேகம் கூடும் என்று ஒரு மாற்றம் செய்தார்கள். அதன்படி 2 எம்பிக்கு மேற்பட்ட நூலகங்கள் இனி அந்த எல்லைகளில் மட்டுமே உட்காரும். லினக்ஸ் கணினி வைத்திருப்பவர்கள் ஒரு நிரலின் நினைவக வரைபடத்தைத் திறந்து பார்த்தால் புரியும்: வழக்கமாக முகவரியின் கடைசி மூன்று பதினாறடிமான இலக்கங்கள் பூஜ்யமாக இருக்கும்; இப்படிப் பொருத்தப்பட்ட நூலகத்துக்குக் கடைசி ஐந்தும் பூஜ்யம். 9 பிட் போய்விட்டது. 28 என்பது 19 ஆனது. 26 கோடி இடங்கள் 5 லட்சத்துச் சொச்சமாகச் சுருங்கின. இயல்பாக 8 பிட் மட்டுமே கொண்ட 32-பிட் நிரல்களுக்கோ எதுவும் மிஞ்சவில்லை. எல்லா நிரல்களுக்கும் பொதுவான லிப்சி நூலகம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வந்து அமர்ந்தது. 2024 ஜனவரியில் இது பரவலாகத் தெரியவரும்வரை ஒன்றரை ஆண்டுக்கும் மேலாகப் பெரும்பாலோருக்கு உறைக்கவில்லை. பின்னர் 32-பிட்டுக்குத் திருத்தம் வந்தது.

மாற்றத்தை எழுதியவர்கள் திறமைசாலிகள், கவனமானவர்கள். வேகம் அளக்கப்படுகிறது, ஒரு சதவீதம் குறைந்தால்கூட மறுநாளே அறிக்கை வரும். தற்செயலின் அளவை யாரும் அப்படி அளப்பதில்லை. ஒரு பதிப்பிலிருந்து அடுத்ததற்கு முகவரிகளில் எத்தனை பிட் குறைந்தது என்று காட்டும் சோதனை, வேகச் சோதனையைப் போலவே கட்டாயமாக வேண்டும். நிரலை ஆயிரக்கணக்கான முறை ஓட்டி முகவரிகளைக் குறித்துக்கொண்டாலே பெரும் இழப்புகள் பிடிபட்டுவிடும்.

இதற்கெல்லாம் இனி அவசியமில்லை என்போரும் உண்டு. கேஏஎஸ்எல்ஆரைச் செயலியின் நேரக் கசிவுகள் வழியே உடைக்க முடியும் என்று பல ஆய்வுகள் காட்டிவிட்டன. ரஸ்ட் போன்ற மொழிகளில் எழுதினால் பஃபர் ஓவர்ஃப்ளோவே பெரும்பாலும் வராது என்பது அவர்கள் வாதம். கசிவு உண்மைதான். அந்தக் கசிவை அடைக்க 2017இல் கிராட்ஸ் ஆய்வாளர்கள் வடிவமைத்த கெய்சர் என்ற தடுப்புதான், சில மாதங்களில் மெல்ட்டவுன் ஓட்டை வெளியானபோது உலகத்துக்கே மருந்தானது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ரஸ்ட் லினக்ஸுக்குள் நுழைந்தது 2022 டிசம்பரில். பல கோடி வரி சி நிரல் இன்னும் பல பத்தாண்டுகள் அங்கேதான் இருக்கப்போகிறது. அதுவரை இந்த எண்கள்தான் காவல்.

வழி தெரியாமல் யாரும் தவிக்கவில்லை. ஓப்பன்பிஎஸ்டியில் ஒவ்வொரு முறை ஓடும்போதும் ஒரு விதைக் கோப்பு புதிதாக எழுதப்படுகிறது. அடுத்த முறை பூட்லோடர் அதை வாசித்துக் கர்னல் உயிர்பெறுவதற்கு முன்பே அதன் கையில் கொடுத்துவிடுகிறது. இந்த ஏற்பாட்டைத்தான் நான் முன்மாதிரியாகக் கொள்வேன். லினக்ஸில் 2022இல் ஜேசன் டோனன்ஃபெல்டு ரேண்டம் எண் பகுதியைப் பெருமளவு திருத்தி எழுதினார். மெய்நிகர் கணினியை நகலெடுத்தால் நகலுக்குப் புதிய விதை வேண்டும் என்பதும் அப்போது கவனிக்கப்பட்டது. எஞ்சியிருப்பது கருவி செய்பவர்களின் பங்கு. ஒரு ரவுட்டருக்கோ கண்காணிப்பு கேமராவுக்கோ தேவைப்படும் விதை 32 பைட்தான். அதை மென்பொருள் நகலோடு சேர்த்து ஒட்டுமொத்தமாகப் பதியாமல், தொழிற்சாலையில் ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். ஒவ்வொரு பூட்டின்போதும் அதை மாற்றி எழுத வேண்டும். மொத்தமாகக் கருவிகள் வாங்கும் அரசுத் துறைகளும் வங்கிகளும் ஒப்பந்தப்புள்ளியில் இதை ஒரு நிபந்தனையாகச் சேர்க்கலாம். மாதிரிக் கருவி ஒன்றைப் பூட் செய்து, பதிவேட்டில் அந்தக் கேஏஎஸ்எல்ஆர் முடக்க வரி இல்லை என்று உறுதிசெய்த பிறகே பணத்தை விடுவிக்கலாம்.