கரி கிரில் எது நல்லதுன்னு கேட்கிறதுக்கு முன்னாடி, அதை எங்க வைக்கப் போறீங்க?

நீளமான த்ரெட். சிக்கனை ஊற வச்சிட்டு வந்து படிச்சாலும் சரி.

டிசம்பர் வந்தா போதும், இன்பாக்ஸ்ல ஒரே கேள்வி. "டாக்டர் அண்ணா, லீவுக்கு பார்பிக்யூ கிரில் வாங்கலாம்னு இருக்கோம், எது ஹெல்த்தி?" கூடவே ஆன்லைன் கடையோட ஸ்க்ரீன்ஷாட் ஒண்ணு. போன வாரம் ஒரு தம்பி அனுப்பின ஸ்க்ரீன்ஷாட்டைப் பார்த்த பிறகுதான் இதை எழுதியே ஆகணும்னு உட்கார்ந்தேன்.

அது கரி போட்டுச் சுடுற கிரில். விளம்பரத்துல இருந்த வாசகம்: "ஸ்மோக்லெஸ். இன்டோர், அவுட்டோர் இரண்டுக்கும் ஏற்றது."

கரி கிரில், இன்டோர். இந்த ரெண்டு வார்த்தையையும் ஒரே வரியில எழுதினவருக்கு ஒண்ணு அறிவு இல்ல, இல்லேன்னா மனசாட்சி இல்ல. ரெண்டுல எதுன்னு எனக்குத் தெரியாது. ஆனா அந்த வரியை நம்பினவங்க எந்த நிலைமையில ஆஸ்பத்திரிக்கு வருவாங்கன்னு எனக்குத் தெரியும்.

சில வருஷத்துக்கு முன்னாடி மலையடிவாரத்துல ஒரு அரசு மருத்துவமனையில நைட் டூட்டி. விடியற்காலை நாலு மணி இருக்கும். மேல ஒரு காட்டேஜ்ல தங்கியிருந்த மூணு பசங்களை வேன்ல தூக்கிட்டு வந்தாங்க. இருபத்தி சொச்சம் வயசு. ரெண்டு பேருக்கு தலைவலி, வாந்தி, காலை ஊன முடியல. மூணாவது பையன் கூப்பிட்டா முனகுறான், அவ்வளவுதான். மூணு பேர்கிட்டயும் சரக்கு வாடை. விரல்ல பல்ஸ் ஆக்ஸிமீட்டர் மாட்டினேன். 98, 99, 98.

நான் என்ன நினைச்சிருப்பேன்னு நினைக்கிறீங்க? ஓவரா குடிச்சிட்டானுங்க, ஒரு பாட்டில் சலைன் ஏத்திப் படுக்க வச்சா காலையில எந்திரிச்சு உட்காருவானுங்க. கேஸ் ஷீட்லயும் அப்படித்தான் எழுத ஆரம்பிச்சேன்.

காப்பாத்தினது நான் இல்ல. அன்னைக்கு டூட்டியில இருந்த சீனியர் ஸ்டாஃப் நர்ஸ். "சார், மூணு பேருக்கும் ஒரே நேரத்துல ஒரே மாதிரி வருமா? ரூம்ல அடுப்பு கிடுப்பு வச்சிருந்தாங்களான்னு கேளுங்க சார்" என்றார். கேட்டேன். கூட்டிட்டு வந்த வேன் டிரைவர் சொன்னார்: ராத்திரி வெளியில சிக்கன் சுட்டிருக்காங்க. முடிச்ச பிறகு, "நெருப்பு அணைஞ்சிருச்சு, கங்கு மட்டும்தான் இருக்கு"ன்னு குளிருக்காக கிரில்லை ரூமுக்குள்ள எடுத்து வச்சு, கதவு ஜன்னலைச் சாத்திட்டுத் தூங்கியிருக்காங்க.

கார்பன் மோனாக்சைடு. பத்தாம் வகுப்பு கெமிஸ்ட்ரியில ஒரு வரியில வந்துட்டுப் போற பேரு.

இது எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சா, எந்தக் கடைக்காரர் எதைச் சொன்னாலும் நீங்க ஏமாற மாட்டீங்க. அதனால கொஞ்சம் பொறுமையா.

ராமநாதபுரம், விருதுநகர் பக்கம் கரிமூட்டம் பார்த்திருக்கீங்களா? சீமைக் கருவேல மரத்தை வெட்டி அடுக்கி, மேல மண்ணைப் போட்டு மூடி, காத்து அதிகம் போகாம நாள்கணக்கா வேக விடுவாங்க. மரத்துல இருக்கிற ஈரம், தார், புகை எல்லாம் அங்கேயே வெளியேறிடும். மிஞ்சுறது பெரும்பாலும் கார்பன். அதான் உங்க கைக்கு வர்ற கரி. "இது புகையே விடாது சார்"னு சொல்றது பொய் இல்ல. அந்தப் புகை ஏற்கெனவே மூட்டம் போட்ட தொழிலாளியோட நெஞ்சுக்குள்ள போயாச்சு. (அது தனியா ஒரு த்ரெட் எழுத வேண்டிய விஷயம்.)

ஆனா புகை இல்லைன்னா வாயு இல்லைன்னு அர்த்தம் இல்ல. கார்பன் எரியும்போது ஆக்ஸிஜன் தாராளமா கிடைச்சா கார்பன் டை ஆக்சைடு. பத்தலைன்னா கார்பன் மோனாக்சைடு. அதுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கண்ணு எரியாது, இருமல் வராது. ரத்தத்துல ஹீமோகுளோபினோட ஆக்ஸிஜன் ஒட்டுறதைவிட இது 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டும். பஸ் சீட்ல துண்டைப் போட்டு இடம் பிடிச்சிட்டா அப்புறம் யாரும் உட்கார முடியாதுல்ல, அந்தக் கதைதான். ஆக்ஸிஜன் நின்னுக்கிட்டே இருக்கும், மூளைக்குப் போய்ச் சேராது.

அப்ப 98 எப்படி வந்துச்சு? சாதாரண பல்ஸ் ஆக்ஸிமீட்டருக்கு ஆக்ஸிஜன் ஒட்டின ஹீமோகுளோபினுக்கும் கார்பன் மோனாக்சைடு ஒட்டின ஹீமோகுளோபினுக்கும் வித்தியாசம் தெரியாது. ரெண்டையும் நல்ல ரத்தம்னே கணக்குப் போடும். கொரோனா காலத்துல வாங்கின அந்த மெஷினை மாட்டிப் பார்த்துட்டு "லெவல் நல்லாத்தான் இருக்கு, தூங்கு"ன்னு சொல்லிடாதீங்க. புத்தகத்துல போட்டிருக்கிற செர்ரிப் பழச் சிவப்பு நிறத்துக்காகவும் காத்திருக்காதீங்க, உயிரோட இருக்கிறவங்ககிட்ட அது அபூர்வம்.

மூணு பேருக்கும் மாஸ்க் வழியா முழு வேகத்துல ஆக்ஸிஜன் வச்சோம். வெறும் காத்தைச் சுவாசிச்சா, ஒட்டின வாயுல பாதி இறங்கவே நாலு அஞ்சு மணி நேரம் ஆகும். சுத்த ஆக்ஸிஜன் கொடுத்தா ஒண்ணு, ஒன்றரை மணி நேரம். விடிஞ்சு பத்து மணிக்கு ரெண்டு பேரு எந்திரிச்சு இட்லி கேட்டாங்க. மூணாவது பையனை மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினோம். அவனும் பிழைச்சு வீட்டுக்குப் போனான். ஆனா மூணு வாரம் கழிச்சு அவங்க அம்மா போன் பண்ணாங்க: "சார், சாப்பிட்டதை மறந்துட்டு திரும்பச் சாப்பாடு கேக்குறான், சட்டை பட்டன் போடத் தெரியாம நிக்குறான்." கார்பன் மோனாக்சைடுக்கு இப்படி ஒரு குணம் உண்டு. எல்லாம் சரியாகி நாளோ வாரமோ கழிச்சும் மூளையில அதோட வேலையைக் காட்டும். சில பேருக்கு மெல்ல மெல்லத் திரும்பும். அவனுக்கு எவ்வளவு திரும்புச்சுன்னு கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரல.

இப்ப கமென்ட்ல வரப்போறதை நானே சொல்லிடுறேன். "எங்க பாட்டி காலமெல்லாம் விறகடுப்புலதான் சமைச்சாங்க, 85 வயசு வரைக்கும் இருந்தாங்க."

பாட்டியோட சமையக்கட்டுல ஓட்டுக் கூரை, ஓட்டு இடுக்கு, புகைபோக்கி, சாத்தாத கதவு. உங்க ஃபிளாட்ல அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல், ஏசி. விறகுப் புகை கண்ணைக் கரிச்சு ஆளை வெளிய விரட்டும், கரி விரட்டாது. இன்னொண்ணு, வாழ்நாள்ல பீடி சிகரெட்டைத் தொடாத பாட்டிகள் மூச்சிரைச்சுக்கிட்டு ஓபியில வரிசையில நிக்குறாங்க. அவங்க நுரையீரல் அந்த விறகடுப்போட கணக்குதான். 85 வயசுப் பாட்டியைப் பத்திப் பதிவு போட பேரன் இருக்கான். மத்த பாட்டிகளுக்காக ஓபி சீட்டு மட்டும்தான் இருக்கு.

அமெரிக்காவுல கரி மூட்டை மேலயே "உள்ளே எரிக்காதே, உயிர் போகும்"ங்கிற மாதிரி எச்சரிக்கையை அச்சடிக்கணும்னு விதி இருக்கு. நம்ம ஊர்ல நான் வாங்கின மூட்டை எதுலயும் அப்படி ஒரு வரியைப் பார்த்ததில்ல. "இன்டோர்"னு விளம்பரம் பண்றதை யாரும் கேட்கிறதும் இல்ல. அந்தத் தட்டுல பன்னீர் சுட்டு ரீல்ஸ் போடுற இன்ஃப்ளூயன்சர்களும் கேட்க மாட்டாங்க. அவங்களுக்கு பேமென்ட் வந்தாச்சு.

சரி, பால்கனி? மேல தளம் வந்து மூடின, மூணு பக்கம் சுவர் இருக்கிற பால்கனியும் பாதி ரூம்தான். வாயு உள்ளே திரும்பி வரும், பொறி பறந்து மேல் வீட்டுக்காரங்க காயப்போட்ட புடவையில விழும். மொட்டை மாடி, முற்றம், தோட்டம், இது மூணுல ஒண்ணு இருந்தா மேற்கொண்டு படிங்க. டென்ட்டும் காரும் இந்தக் கணக்குல வராது. பாதி அணைஞ்ச கிரில்லை டிக்கியில வச்சு ஜன்னலை ஏத்திட்டு ஊர் திரும்புறவங்களும் இருக்காங்க.

இடம் இருக்குன்னா, வாங்கும்போது நான் பார்க்கிறது ஒண்ணே ஒண்ணுதான். மூடி இருக்கா, கீழயும் மேலயும் காத்துத் துவாரம் இருக்கா, அதைத் திறந்து மூட முடியுமா? ஆயிரம், ஆயிரத்து ஐநூறுக்குக் கிடைக்கிற மடக்கு தகரப் பெட்டியில இது கிடையாது. காத்தடிச்சா கொழுந்து விட்டு எரியும், இல்லேன்னா அணையும். வெளிய கருகி உள்ள ரத்தமா இருக்கிற கோழிதான் அதுல வரும். அந்தக் குச்சிக் காலு வேற, ஓடியாடுற குழந்தை இடிச்சா அவ்வளவுதான்.

1952-ல ஜார்ஜ் ஸ்டீபன்னு ஒருத்தர், சிகாகோ பக்கம் உலோகப் பட்டறையில வேலை பார்த்தவர். கடல்ல மிதக்க விடுற மிதவையோட ரெண்டு பாதியை வச்சு, ஒண்ணை சட்டியாவும் ஒண்ணை மூடியாவும் ஆக்கினார். அதான் இன்னைக்கு எல்லாரும் காப்பியடிக்கிற உருண்டை கெட்டில் கிரில். ரகசியம் மூடியிலயும் துவாரத்துலயும்தான். கீழ்த் துவாரத்தைத் திறந்தா சூடு ஏறும், குறைச்சா இறங்கும், ரெண்டையும் மூடினா நெருப்பு மூச்சு முட்டி அணையும். கங்கை ஒரு பக்கமா ஒதுக்கிட்டு, கோழியை மறுபக்கம் வச்சு மூடினா அது அவன் மாதிரி வேகும். எண்ணெய் நெருப்புல சொட்டாது, கருகாது.

ஸ்மோக்கர் வேணுமான்னு கேட்கிறவங்களுக்கு: பெரும்பாலும் வேண்டாம். அது டெக்சாஸ் ஆளுங்க மாட்டோட நெஞ்சுக்கறி மாதிரி பெரிய, முரட்டுத் துண்டை 110, 120 டிகிரி செல்சியஸ்ல பத்து மணி நேரத்துக்கு மேல வேக வைக்கிறதுக்கான சாமான். நீங்க சுடப்போறது கோழிக்காலும் வஞ்சிரமும். அதுக்கு எதுக்கு முப்பதாயிரம் ரூபாய்?

வெல்டிங் பட்டறையில பேரலை வெட்டி அடிச்சுத் தரச் சொல்றவங்க நிறைய. நல்ல யோசனைதான், ஆனா அந்தப் பேரல்ல முன்னாடி என்ன இருந்துச்சுன்னு கேளுங்க. கெமிக்கல் பேரல் வேண்டவே வேண்டாம். ஜிஐ ஷீட்டும் வேண்டாம், அதிகமா சூடானா துத்தநாகப் புகை வரும், அதைச் சுவாசிச்சா குளிர் காய்ச்சல் மாதிரி அடிச்சுப் போடும். சாதா இரும்பு போதும்.

பத்த வைக்கிறது பெட்ரோல், தின்னர், சானிடைசர்னா பர்ன்ஸ் வார்டுல ஒரு பெட்டு ரிசர்வ் பண்ணிட்டு ஆரம்பிங்க. சானிடைசர் தீ பகல்ல கண்ணுக்கே சரியாத் தெரியாது. அணைஞ்சிடுச்சுன்னு நினைச்சு இன்னொரு தடவை ஊத்துவீங்க, தீ பாட்டில் வரைக்கும் ஏறி வரும். சிம்னி ஸ்டார்ட்டர்னு ஓட்டை போட்ட இரும்புக் குழாய் ஒண்ணு இருக்கு. கீழ பேப்பர், மேல கரி, ஒரு தீக்குச்சி, இருபது நிமிஷம். அந்தப் பட்டறைக்காரரே செஞ்சு தருவார்.

"கேன்சர் வருமே டாக்டர்"னு கேட்பீங்க. கருகின இறைச்சியில புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருட்கள் உருவாகுறது உண்மை. கருகினதை வெட்டி எறிங்க, அடிக்கடி திருப்பிப் போடுங்க, தயிர் எலுமிச்சை மசாலாவுல ஊற வைங்க, குறையும். மாசத்துக்கு ஒரு தடவை சுட்டுச் சாப்பிடுறதுக்கு, சிகரெட்டைக் கையில வச்சுக்கிட்டு இந்தக் கேள்வியைக் கேட்காதீங்க. அதைவிட வேகாத கோழியால வர்ற வயித்துப்போக்குதான் திங்கட்கிழமை ஓபியில நிஜமா வருது. ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்க, எலும்பு ஓரத்துல 74 டிகிரி காட்டணும்.

முடிஞ்ச பிறகு துவாரங்களை மூடி, கிரில்லை வெளியிலயே விடுங்க. ராத்திரி முழுக்க. மழை வந்தாலும் பரவாயில்ல. சாம்பல் மறுநாளும் கங்கு வச்சிருக்கும், பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியில கொட்டாதீங்க. குளிருதுன்னா கம்பளி கேளுங்க.

அந்த ஸ்க்ரீன்ஷாட் தம்பிகிட்ட, "மொட்டை மாடி இருக்கா?"ன்னு கேட்டேன்.

"இல்லண்ணா, அசோசியேஷன்ல பூட்டி வச்சிருக்காங்க. பால்கனிதான்."

"அப்ப வாங்காதீங்க."

"கரண்ட் கிரில்?"

"அது வாங்கலாம். ருசி கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும்."

ப்ளூ டிக் விழுந்துடுச்சு, பதில் இன்னும் வரல. தம்பி, இதைப் படிச்சா ஒரு மெசேஜ் போடுங்க.