களியாட்டப் பூங்காவும் கணக்குப் பதிவும்



சென்ற ஆண்டு கோடைக்கு முன்னர், ஒரு ஞாயிறன்று காலையில், பலமனேரில் மளிகைக் கடை நடத்திவரும் நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர் தம் மகளையும் அழைத்துக்கொண்டு நம் இல்லத்துக்கு வந்தார். குடியாத்தத்திலிருந்து மலையேறி வந்து இவ்வூரில் ஊன்றிய குடும்பம். மகள் பி.காம். இரண்டாம் ஆண்டு மாணவி. தந்தையார் முகத்தில் சற்றே வாட்டம் இருந்தது.

“தம்பி, நீங்கள் நாலு பேருடன் பழகுகிறவர். ஒரு நியாயம் சொல்லுங்கள். கணக்குப் படிக்கும் பெண்ணைப் பெங்களூர்ப் பக்கம் ஒரு களியாட்டப் பூங்காவில் இரண்டு மாதம் பயிற்சிக்கு எடுத்துக்கொள்கிறார்களாம். ராட்டினத்தில் ஏறுகிறவனை எண்ணுவதற்கும் பேரேடு எழுதுவதற்கும் என்ன சம்பந்தம்? மாங்காய்க் காலத்தில் கடையில் எனக்கு ஒரு கை குறையும். விடுதிச் செலவு வேறு,” என்றார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வியே. ஆந்திர அரசு 2020-21 கல்வியாண்டில் மூன்றாண்டுப் பட்டப் படிப்பில் பத்து மாதப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது முதல், நம் குடும்பங்கள் பலவற்றில் இக்கேள்வி எழுந்து வருகிறது. பயிற்சி கட்டாயம், படிப்புக்கேற்ற இடமோ எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. தணிக்கையாளர் அலுவலகத்தில் நாற்காலி இரண்டு இருந்தால் விண்ணப்பம் இருபது வருகிறது. கிடைத்த இடத்துக்குச் செல்வது பயனா, காலக்கழிவா என்பதே வினா. மெட்ரிக்குலேஷன் மட்டும் தேறி இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்த நாம் இதற்கு விடை கூறத் தகுதியுடையோமா என்று தயங்கினோம். ஆயினும் அறிந்ததைச் சொன்னோம்.

இத்தகைய பயிற்சிக்குப் பெயர்போன இடம் அமெரிக்காவின் டிஸ்னி பூங்காக்கள். 1955 ஜூலை 17 அன்று கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்து திறக்கப்பட்டபோது பெருங்குழப்பம் நேர்ந்தது. போலி அனுமதிச் சீட்டுகளுடன் ஆயிரக்கணக்கானோர் நுழைந்தனர். வெயிலில் தார் இளகிற்று. குடிநீர்க் குழாய்கள் பல வறண்டு கிடந்தன. அத்தொழிலை ஊழியர்க்குக் கற்பிக்க அவ்வாண்டிலேயே வான் பிரான்ஸ் என்பார் தொடங்கிய பயிற்சி, பின்னர் டிஸ்னி பல்கலைக்கழகம் என்று பெயர் பெற்றது. 1980களின் தொடக்கத்திலிருந்து புளோரிடாப் பூங்காவில் கல்லூரி மாணவர்க்கென்றே தனித் திட்டம் நடந்து வருகிறது. எத்துறை மாணவரும் சென்று சீட்டுக் கிழிப்பர், உணவு பரிமாறுவர், வரிசையை ஒழுங்குபடுத்துவர்.

அதனால் பிற தொழிலுக்குப் பயன் உண்டா? ரான் சீக்லர் என்பவர் மாணவப் பருவத்தில் டிஸ்னிலாந்தின் காட்டுப் படகுச் சவாரியில் படகோட்டியாக நின்று, வேடிக்கையாகப் பேசி மக்களை அழைத்துச் சென்றவர். அவரே 1969 முதல் 1974 வரை அதிபர் நிக்சனின் செய்திச் செயலாளராக வெள்ளை மாளிகையில் நிருபர்களுக்கு விடையளித்தார். படகோட்டியதால் அப்பதவி வந்தது என்று நாம் சொல்லத் துணியோம். அதே படகை ஓட்டிய பலர் அப்பதவிக்கு வரவில்லை. நாள்தோறும் அந்நியர் முன் நின்று தடுமாறாமல் பேசிய பழக்கம் அவருக்கு உதவியிருக்கும் என்ற அளவில் நிறுத்திக்கொள்வோம்.

அப்பூங்காவின் பயிற்சியில் நம்மைக் கவர்ந்தது ஒன்றுண்டு. ஊழியர்க்கு நான்கு கடமைகளை வரிசைப்படுத்தினர்: முதலில் பாதுகாப்பு, அடுத்து மரியாதை, பின்னர் காட்சி, கடைசியில் விரைவு. இரண்டு கடமைகள் மோதினால் முன்னுள்ளதே வெல்லும். வரிசை நீண்டுவிட்டதே என்று குழந்தையின் இடைவாரைச் சரிபார்க்காமல் விடலாகாது. இருப்புப்பாதையில் பணி செய்யும் நமக்கு இவ்வரிசை அந்நியமன்று. எதை முதலில் வைப்பது என்பதைப் பத்தொன்பது வயதில் கைப்பழக்கமாகக் கற்பவர், வங்கியில் அமர்ந்தாலும் மருந்தகத்தில் நின்றாலும் அதை மறவார்.

வணிகம் பயில்பவர்க்கு அங்கே வேறு பாடங்களும் உண்டு. ஒரு சீட்டின் விலையில் வரி எவ்வளவு? விடுமுறை நாளில் ஒரு விலையும் வேலைநாளில் மற்றொரு விலையும் ஏன்? நூலில் வரும் தேய்மானம் என்னும் சொல், ஆண்டுதோறும் வெயிலிலும் மழையிலும் சுழலும் ராட்டினத்தைப் பார்த்தால் விளங்கிவிடும். கண்ணைத் திறந்து வைத்திருப்பவர்க்கே இவை. மற்றவர்க்கு இரண்டு மாதமும் கால்வலியாகவே முடியும்.

இனி மறுபக்கம். வங்கித் தேர்விலோ அரசுத் தேர்விலோ பூங்காச் சான்றிதழுக்கு ஒரு மதிப்பெண்ணும் இல்லை. பேரேடு எழுதத் தெரியாதவர்க்கு ராட்டினம் அதைக் கற்பிக்காது. அமெரிக்கத் திட்டத்திலும் மாணவர் பெறும் மணிக்கூலியிலிருந்து விடுதி வாடகை கழிக்கப்படுகிறது என்ற குறை நெடுநாளாக உண்டு. 2020 மார்ச்சில் கொள்ளை நோய் பரவியபோது திட்டம் நிறுத்தப்பட்டு, மாணவர்கள் சில நாள்களுக்குள் விடுதியைக் காலி செய்ய நேர்ந்தது. நம் பக்கத்திலும் எச்சரிக்கைக்கு இடமுண்டு. 2016 மே மாதத்தில் சென்னைப் புறநகர்ப் பூங்கா ஒன்றில், சோதனை ஓட்டத்தின்போது ராட்டினம் முறிந்து ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். ஆகவே மாணவரை இயந்திரத்தருகே பயிற்சியின்றி நிறுத்துவதற்குப் பெற்றோர் ஒருபோதும் இசையலாகாது.

இவ்வளவும் கேட்ட பெரியவர், “அப்படியானால் போகலாமா, கூடாதா?” என்றார்.

நான்கு செய்திகளை எழுத்தில் கேட்டுப் பெறுமாறு சொன்னோம். எந்தப் பிரிவில் எத்தனை நாள் வேலை? உதவித்தொகை எவ்வளவு, அதில் கழிப்பவை யாவை? இரவுப் பணி உண்டா, விடுதி எங்கே? பாதி நாளேனும் பணப்பிரிவில் அமர இடம் தருவார்களா? இவற்றுக்கு எழுத்தில் விடை தராத இடத்துக்குச் செல்ல வேண்டுவதில்லை.

அதுகாறும் வாளாவிருந்த பெண், “மாமா, நான்காவதை நான் முன்பே கேட்டுவிட்டேன். தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசுவேன் என்றதும் சீட்டு முகப்பிலேயே அமர்த்துவதாகச் சொன்னார்கள்,” என்றாள். தந்தையார் மகளைத் திரும்பிப் பார்த்தார். எல்லைப்புறத்தில் வாழ்வதால் நம் பிள்ளைகளுக்குத் தாமே வந்த அம்மொழிகளை அவர் ஒரு முதலாக அதுவரை எண்ணியதில்லை போலும்.

பெரியவர் தாமே சென்று விடுதியைப் பார்த்து வந்தபின் பெண் சென்றாள். இரண்டு மாதம் கழித்துத் திரும்பியவளிடம், கற்றதென்ன என்று வினவினோம். மூன்றாம் வாரத்தில் ஓரிரவு கணக்கு முடிக்கையில் இருநூறு ரூபாய் குறைந்ததாம்; அதை அவள் உதவித்தொகையில் பிடித்துக்கொண்டார்களாம். பகலில் வேறொருவர் கால்மணி நேரம் அவள் இடத்தில் அமர்ந்ததற்கு எழுத்தில்லை. “மறுநாள் முதல், எழுந்தால் எண்ணிக் கையொப்பம் வாங்காமல் நகர்ந்ததில்லை, மாமா,” என்றாள். நாம் பணியேற்ற முதல் மாதத்தில் நூறு ரூபாய் குறைந்து, கைப்பணத்தைக் கட்டியது நினைவுக்கு வந்தது. அவளிடமும் சொன்னோம், சிரித்தாள்.

இவ்வாண்டு சித்தூரில் ஒரு தணிக்கையாளரிடம் பயிற்சிக்கு நேர்முகம் சென்றபோது, அவர் பூங்காவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையாம். பணக்குறைவு நேர்ந்தால் எங்கிருந்து தேடத் தொடங்குவாய் என்றே கேட்டாராம். அவளிடம் விடை இருந்தது. இடம் கிடைத்தது.

பெரியவர் இன்னும் முழுதும் இசைந்தாரில்லை. “அந்தக் கோடையில் கடைக்கு ஆன நட்டம் எனக்குத்தானே தெரியும்,” என்கிறார். அதுவும் உண்மையே. ஆயினும் இரவில் கல்லாப்பெட்டியை மூடுமுன் மகள் எண்ணிக் கையொப்பமிடும் சிறு நோட்டு ஒன்றைக் கடையில் இப்போது வைத்திருக்கிறார்.

இக்கோடையில் இவ்வினா எழும் இல்லங்கள் அந்நான்கு செய்திகளையும் கேட்டறிந்து முடிவு செய்க. அடுத்த திங்கள் சந்திப்போம்.