மாட்டை விற்று விட்டு மோட்டாருக்குக் காத்திருக்கலாமா?

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் நாலு வழி ரோட்டில் இருக்கிறது காரியாபட்டி. அந்த ரோட்டில் கார்களுக்குப் பஞ்சம் இல்லை. ஆனாலும் ஜாகுவார் கார் ஒன்று போனால், டீக் கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் கிளாசைக் கீழே வைத்து விட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தக் காரின் விலைக்குக் கரிசல் காட்டில் பல ஏக்கர் நிலம் வாங்கிப் போட்டு விடலாம்!

அப்பேர்ப்பட்ட ஜாகுவார் இப்போது விசித்திரமான ஒரு காரியத்தைச் செய்திருக்கிறது. பெட்ரோல் காருக்கு முழுக்குப் போட்டு விட்டது. இனி மின்சாரக் கார் மட்டும்தான் என்று அறிவித்தது. சின்னத்தை மாற்றியது. பெயரை எழுதும் எழுத்தை மாற்றியது. இதெல்லாம் கூடப் பரவாயில்லை. புதிய கார் கடைக்கு வரும் முன்பே, பழைய கார்களை விற்பதை நிறுத்தி விட்டது!

"இங்கிலாந்துக்காரன் கம்பெனி எப்படிப் போனால் நமக்கு என்ன?" என்று கேட்கலாம். அது இப்போது இங்கிலாந்துக்காரன் கம்பெனி அல்ல. 2008ஆம் ஆண்டு முதல் அதன் சொந்தக்காரர் நம் நாட்டு டாட்டா.

கமலை இறைத்த காலம்

காரியாபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரம் வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் பருத்தி, மல்லி, குதிரைவாலி. கண்மாய் பெருகினால் நெல். இரண்டும் இல்லாத போது கை கொடுப்பது கிணறு. ஒரு காலத்தில் கிணற்றுத் தண்ணீரை மேலே கொண்டு வந்தவை கமலை மாடுகள்தான். விடியும் முன்பே மாட்டைப் பூட்டி, முன்னும் பின்னும் நடத்தி, சால் சாலாக இறைப்பார்கள்.

பிறகு கிராமங்களுக்கு மின்சாரம் வந்தது. காமராஜர் முதல் அமைச்சராக இருந்த ஆண்டுகளில் ஊர் ஊராகக் கம்பம் நட்டார்கள். கமலை போய் மோட்டார் பம்பு வந்தது. அது நல்ல மாறுதல் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மாட்டுக்கும் ஓய்வு, மனிதனுக்கும் ஓய்வு.

ஆனால், மாட்டை எப்போது விற்பது? இதில்தான் சம்சாரியின் சாமர்த்தியம் இருந்தது. கம்பம் நட்டதும் மாட்டைச் சந்தைக்கு ஓட்டியவர் உண்டு என்றால், அவர் பாடு திண்டாட்டம்தான். கம்பம் நிற்கும், கம்பி வராது. கம்பி வரும், கரண்டு வராது. கிணற்றில் தண்ணீர் கிடக்கும், பயிர் வாடும். விவரம் தெரிந்தவர் என்ன செய்வார்? மோட்டார் ஓடி, வாய்க்காலில் முதல் தண்ணீர் விழுந்த பிறகுதான் மாட்டுக்கு விலை பேசுவார்.

ஜாகுவார் மாட்டை முதலில் விற்று விட்டது.

சைடு காரில் தொடங்கிய கம்பெனி

இந்தக் கம்பெனியின் கதை 1922ல் இங்கிலாந்தின் பிளாக்பூல் நகரில் தொடங்குகிறது. வில்லியம் லயன்ஸ், வில்லியம் வாம்ஸ்லி என்ற இரண்டு இளைஞர்கள் மோட்டார் சைக்கிளோடு இணைக்கும் சைடு கார் செய்து விற்றார்கள். பிறகு கார் செய்தார்கள். "ஜாகுவார்" என்ற பெயர் 1935ல் ஒரு காருக்குச் சூட்டப்பட்டது. கம்பெனியின் பெயர் அப்போது "எஸ்.எஸ்.".

உலக யுத்தம் வந்தது. "எஸ்.எஸ்." என்றால் ஹிட்லரின் கொலைப் படை என்று உலகமே நடுங்கியது. 1945ல் கம்பெனி தன் பெயரையே "ஜாகுவார்" என்று மாற்றிக் கொண்டது. ஆக, பெயர் மாற்றம் அதற்குப் புதிது அல்ல. ஆனால் அன்று மாற்றியதற்குக் காரணம் இருந்தது. கேட்டவர்கள் எல்லாரும் "சரிதான்" என்றார்கள்.

அதன் பிறகு அடித்தது யோகம். 1948ல் எக்ஸ்.கே. 120 என்ற கார் வந்தது. மணிக்கு 120 மைல் ஓடும் என்பதால் அந்தப் பெயர். பிரான்சில் லெமான் என்ற ஊரில் 24 மணி நேரக் கார்ப் பந்தயம் நடக்கும். 1951 முதல் 1957 வரை ஜாகுவார் அதில் ஐந்து முறை வென்றது. 1961ல் வந்த ஈ டைப் காரை இன்றும் உலகின் அழகான கார்களில் ஒன்றாகச் சொல்கிறார்கள்.

பிறகு கை மாறத் தொடங்கியது. 1966ல் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனோடு இணைந்தது. 1968ல் பிரிட்டிஷ் லேலண்டுக்குள் போனது. 1984ல் தனியாக வந்தது. 1989ல் அமெரிக்காவின் போர்டு கம்பெனி வாங்கியது. 2008ல் ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் சேர்த்து 230 கோடி டாலருக்கு டாட்டாவிடம் கொடுத்து விட்டு, போர்டு கையைக் கழுவிக் கொண்டது.

டாட்டா கையில் லேண்ட் ரோவர் தழைத்தது. ரேஞ்ச் ரோவர், டிபெண்டர் என்று உயரமான வண்டிகள் உலகமெல்லாம் விற்றன. ஜாகுவார் தேறவில்லை. 2018ல் சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம் கார்கள் விற்ற இடத்தில், 2024-25ல் 27 ஆயிரத்தைக் கூடத் தொடவில்லை.

ஏன் இந்த இறக்கம்? ஜெர்மனிக்காரனைப் பார்த்துப் பார்த்து நடந்ததுதான் முதல் காரணம். பி.எம்.டபிள்யூ.வும் மெர்சிடிசும் செய்வதைத் தானும் செய்தது. 2001ல் போர்டு கம்பெனியின் மாண்டியோ காரை அடிப்படையாக வைத்து எக்ஸ் டைப் என்று ஒன்றைச் செய்தார்கள். ராஜா வேஷத்துக்குள் இருப்பது யார் என்று ஜனங்கள் கண்டு கொண்டார்கள்.

முந்தி ஓடி உட்கார்ந்தது

மின்சாரக் கார் விஷயத்தில் ஜாகுவார் பிந்தியது என்று நினைத்தால் தவறு. 2018லேயே ஐ பேஸ் என்ற மின்சாரக் காரைக் கொண்டு வந்து விட்டது. ஜெர்மன் கம்பெனிகளில் சில அப்போது யோசனையில்தான் இருந்தன. 2019ல் அந்தக் காருக்கு உலகின் சிறந்த கார் என்ற விருது கிடைத்தது. பந்தயத்தில் முதலில் ஓடியவன், பாதி வழியில் மரத்தடியில் உட்கார்ந்தால் எப்படி? ஐ பேசுக்குத் தம்பி, தங்கை பிறக்கவில்லை. எக்ஸ்.ஜே. என்ற பெரிய காரை மின்சாரத்தில் ஓடச் செய்யும் வேலை வெகு தூரம் நடந்த பிறகு, 2021ல் அதையும் குப்பையில் போட்டார்கள். விளம்பரப் படத்தைப் பற்றி ஊர் சிரித்தது. உண்மையில் வருத்தப்பட வேண்டியது இதற்குத்தான்.

அதே 2021ல்தான், 2025 முதல் ஜாகுவார் முழுக்க மின்சாரக் கார் கம்பெனி ஆகும் என்று அறிவிப்பு வந்தது.

கார் இல்லாத கார் விளம்பரம்

2024 நவம்பரில் 30 வினாடி விளம்பரப் படம் ஒன்று வெளி வந்தது. பளிச்சென்ற வர்ணங்களில் விநோதமான உடை அணிந்த ஆண்களும் பெண்களும் வந்து நின்றார்கள். "எதையும் காப்பி அடிக்காதே" என்ற பொருளில் ஒரு வாசகம் வந்தது. கார் மட்டும் வரவில்லை! "நீங்கள் கார் விற்கிறீர்களா?" என்று டெஸ்லா முதலாளி எலான் மஸ்க் கிண்டலாகக் கேட்டார். உலகமே சிரித்தது.

டிசம்பரில் அமெரிக்காவின் மயாமி நகரில் மாதிரிக் கார் ஒன்றைக் காட்டினார்கள். நீண்ட மூக்கு. பின் பக்கம் கண்ணாடியே இல்லை. ஒன்று இளஞ்சிவப்பு, ஒன்று நீலம். விற்பனைக்கு வரும் கார் இதைத் தழுவி நாலு கதவுகளோடு இருக்கும், 2026ல் அறிமுகம் ஆகும் என்று சொன்னார்கள். விலை 1 லட்சம் பவுனுக்கு மேல். நம் கணக்கில் 1 கோடி ரூபாயைத் தாண்டும். பழைய வாடிக்கைக்காரர்களில் பெரும்பாலோர் இதை வாங்க மாட்டார்கள் என்று கம்பெனியே சொன்னது! தன் கடைக்கு வருகிறவனைப் பார்த்து, "உனக்குக் கட்டுப்படியாகாது, அடுத்த கடைக்குப் போ" என்று சொல்லும் வியாபாரியை அருப்புக்கோட்டைக் கடை வீதியில் தேடினாலும் காண முடியாது.

இங்கே ஒரு விஷயத்தில் நியாயம் பேச வேண்டும். 2025 ஏப்ரலில் ஐரோப்பாவில் 49 ஜாகுவார் கார்கள்தான் பதிவாயின. முந்தின ஆண்டு அதே மாதத்தில் 1,961. "விளம்பரம் செய்த கோலத்தைப் பாரீர்!" என்று பத்திரிகைகள் எழுதின. அது தப்புக் கணக்கு. உற்பத்தியையே நிறுத்திய கம்பெனிக்கு விற்பனை எங்கிருந்து வரும்? விதைக்காத நிலத்தில் விளைச்சல் குறைந்து விட்டது என்று சொல்வது போல இருக்கிறது.

புல்லட் சொல்லும் பாடம்

இதற்கு நேர் எதிரான கதை திருவொற்றியூரில் இருக்கிறது. ராயல் என்பீல்டும் பிறப்பால் இங்கிலாந்துதான். 1955ல் சென்னைக்கு வந்தது. தாய்க் கம்பெனி அங்கே மூடப்பட்ட பிறகும் இங்கே புல்லட் ஓடியது. 2000ஆம் ஆண்டு வாக்கில் அதையும் மூடி விடலாமா என்ற நிலை. சித்தார்த்த லால் பொறுப்பு ஏற்றார். என்ன செய்தார்? எஞ்சினை அடியோடு மாற்றினார். வலது காலில் இருந்த கியர் இடது காலுக்கு வந்தது. எண்ணெய் ஒழுகல் நின்றது. ஆனால், அந்தப் பெட்ரோல் டாங்கியையும், முகத்தையும், கம்பீரத்தையும் தொடவில்லை. 2010ல் ஆண்டுக்கு சுமார் 50 ஆயிரம் விற்ற கம்பெனி, 2017-18ல் 8 லட்சத்தைத் தாண்டியது. காரியாபட்டி பஸ் நிலையத்துப் பக்கம் புல்லட் வந்தால், பார்க்காமலே சொல்லி விடுவார்கள்.

உள்ளே மாற்று, முகத்தை விட்டு வை. என்பீல்டு இப்படிப் பிழைத்தது. ஜாகுவார் உள்ளையும் மாற்றியது, முகத்தையும் மாற்றியது, வாடிக்கைக்காரனையும் மாற்றுகிறது. மூன்றும் ஒரே நேரத்தில்! துணிச்சல்தான். ஆனால், துணிச்சல் என்பதற்காகவே ஒரு காரியம் சரியாகி விடாது.

காற்றும் எதிராக வீசுகிறது. 2030க்குள் முழுக்க மின்சாரம் என்று சொல்லியிருந்த வால்வோ, 2024 செப்டம்பரில் அந்தப் பேச்சை வாபஸ் வாங்கியது. 2025 செப்டம்பரில் போர்ஷேயும் பின்வாங்கியது. அமெரிக்கா மின்சாரக் காருக்குக் கொடுத்து வந்த 7,500 டாலர் வரிச் சலுகையை அதே மாதக் கடைசியில் நிறுத்தியது. போதாக்குறைக்கு, அந்த மாதம் முழுவதும் ஜாகுவார் லேண்ட் ரோவர் தொழிற்சாலைகளில் வேலையே நடக்கவில்லை. யாரோ கம்ப்யூட்டருக்குள் புகுந்து எல்லாவற்றையும் முடக்கி விட்டார்கள். உதிரிச் சாமான் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள் கூலி கொடுக்க வழி இல்லாமல் தவித்தன. 2025 நவம்பரில் பொறுப்பு ஏற்ற புதிய தலைவர் பி.பி. பாலாஜி, சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். அவர் வந்து உட்கார்ந்த நாற்காலி முள் நாற்காலிதான்.

பனப்பாக்கமும் தூத்துக்குடியும்

ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாட்டா கார்த் தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பர் 28ல் முதல் அமைச்சர் ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். 9 ஆயிரம் கோடி ரூபாய் முதலீடு. 5 ஆயிரம் பேருக்கு வேலை என்று அறிவிப்பு. டாட்டா கார்களோடு ஜாகுவார் லேண்ட் ரோவர் கார்களும் அங்கே தயாராகும் என்றார்கள். ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் வாங்க 2008ல் டாட்டா கொடுத்த விலையும் ஏறத்தாழ இதே தொகைதான் என்பது ஒரு வேடிக்கை.

வானம் பொய்த்தால் இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் எங்கே போகிறார்கள்? ஐ.டி.ஐ.யோ பாலிடெக்னிக்கோ முடித்து விட்டு, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று கார்க் கம்பெனி வாசலில்தான் நிற்கிறார்கள். இங்கிலாந்தில் எடுக்கும் முடிவு அவர்கள் சோற்றுப் பானை வரைக்கும் வரும்.

மின்சாரக் கார் வேண்டாம் என்பது அல்ல பேச்சு. 2025 ஆகஸ்டு 4ல் வியட்நாம் நாட்டு வின்பாஸ்ட் கம்பெனி தூத்துக்குடியில் மின்சாரக் கார்த் தொழிற்சாலையைத் திறந்து விட்டது. முதல் கட்டத்தில் ஆண்டுக்கு 50 ஆயிரம் கார்கள் என்பது திட்டம். அந்த ஊரிலிருந்து மதுரைக்கு வரும் வழி காரியாபட்டி ரோடுதான். மின்சாரக் காரைப் பற்றி இலண்டனில் விவாதம் நடக்கும் போது, அது இங்கே வாசலுக்கே வந்து விட்டது.

டாட்டாவுக்குக் கையில் பலம் இருக்கிறது. 2024-25ல் ஜாகுவார் லேண்ட் ரோவர் கூட்டுக் கம்பெனிக்கு, வரிக்கு முன் 250 கோடி பவுன் லாபம். அண்ணன் லேண்ட் ரோவர் சம்பாதிக்கிறான். தம்பி ஜாகுவார் பரீட்சை பார்க்கிறான். ஆனால், அந்தத் தம்பிக்காகப் பனப்பாக்கத்தில் ஒரு நாள் கூட வேலை காத்திருக்கக் கூடாது. பெட்ரோல் வண்டி விற்கும் வரை பெட்ரோல் வண்டி செய்யட்டும். பக்கத்திலேயே மின்சார வண்டியும் தயாராகட்டும். ஜாகுவாரின் புதிய கார் பனப்பாக்கம் பக்கம் வருவதாக இருந்தால், முதலில் அது நாலு ஊர் ரோட்டில் நாலு வருஷம் ஓடிக் காட்டட்டும்.