கெடு நகர்கிறது!

5,71,080 கோடி ரூபாய்! கற்பனையிலே விளைந்த தொகையல்ல இது. எதிர்க்கட்சி மேடையிலே எவரோ வீசிய வெற்றுக் குற்றச்சாட்டுமல்ல. மத்திய அரசே, தன்னுடைய அமைச்சகத்தின் வாயிலாக, 2024ஆம் ஆண்டு மே மாதக் கணக்கென்று வெளியிட்ட தொகை. 150 கோடியும் அதற்கு மேலும் மதிப்புள்ள 1,817 திட்டங்கள். அவற்றைத் தொடங்குங்காலை ‘இவ்வளவு ஆகும்’ என்று மதித்த செலவு 27,58,567 கோடி. முடிக்குங்காலை ஆகக்கூடும் என்று அந்த மே மாதத்திலே சொன்ன செலவு 33,29,647 கோடி. இரண்டுக்கும் நடுவே வாய் பிளந்து நிற்கும் பள்ளந்தான், தோழர்களே, அந்த 5,71,080 கோடி! செலவு மீறியவை 458 திட்டங்கள். கெடு மீறியவை 831.

களவு போயிற்று என்று நான் கூறவில்லை. ஆதாரமின்றிப் பழி சுமத்துவது மேடைக்கு இனிக்கும், கணக்குக்கு உதவாது. நான் கேட்பது வேறு. குறித்த நாள் தவறியது ஏன், குறித்த தொகை வளர்ந்தது ஏன் என்று ஆளவந்தாரை நிறுத்திக் கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டா, இல்லையா? உண்டு எனில், அந்த உரிமைக்குக் கருவி எது?

கருவி ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. நம் தோழர்களிலே பலர் அதனை அறிந்திருக்க நியாயமில்லை. ஏடுகள் அதனை ஒரு மூலையிலே, பத்து வரிக்குள் அடக்கி விடுகின்றன. 1985ஆம் ஆண்டிலே திட்டச் செயலாக்கத்துக்கெனத் தனித் துறையொன்று கண்டார்கள் டில்லியிலே. 1999ஆம் ஆண்டிலே அதற்கும் புள்ளியியல் துறைக்கும் மணம் முடித்து, ஓர் அமைச்சகமாக்கினார்கள். ரயில் பாதையா, நெடுஞ்சாலையா, நிலக்கரிச் சுரங்கமா, எண்ணெய்க் குழாயா, எதுவாயினும் சரி, 150 கோடிக்கு மேற்பட்ட பணியென்றால் அதனைச் செய்யும் நிறுவனம் இந்த அமைச்சகத்துக்குக் கணக்கு ஒப்படைக்க வேண்டும். முதலில் மதித்த செலவு எவ்வளவு, இன்று மதிக்கும் செலவு எவ்வளவு, முதலில் குறித்த நாள் எது, இன்று குறிக்கும் நாள் எது, இதுவரை கரைந்த பணம் எவ்வளவு என்று எழுதித் தர வேண்டும். அவற்றைத் தொகுத்து மாதந்தோறும் ஓர் அறிக்கை. அதற்கு அவர்கள் சூட்டிய பெயர் ‘ஃபிளாஷ் ரிப்போர்ட்’. மின்னல் அறிக்கை! ஆமை நடை போடும் பணிகளைப் பற்றி எழுதும் ஏட்டுக்கு மின்னல் என்று பெயர் வைத்தவர், நகைச்சுவை அறிந்தவராகத்தான் இருத்தல் வேண்டும்.

2025ஆம் ஆண்டிலே பழைய கணினி ஏற்பாட்டை மாற்றி, ‘பைமானா’ என்று புதியதொன்றைக் கொணர்ந்தார்கள். அளவை என்று பொருளாம். உருதுக் கவிஞர்கள் மதுக்கிண்ணத்தையும் அதே சொல்லால் அழைப்பார்கள். தமிழனுக்கும் தெலுங்கனுக்கும் வங்காளிக்கும் புரியாத பெயரைப் பொதுக் கணக்கேட்டுக்கு ஏன் சூட்டுகிறார்கள் என்பதைப் பிறிதொரு நாள் பேசுவோம். இன்று நமக்கு வேண்டுவது, அளவை ஒழுங்காக அளக்கிறதா என்பது.

அந்த அறிக்கை தாமதத்துக்குக் காரணங்களையும் அடுக்குகிறது. நிலம் கையகப்படவில்லை, காட்டுத் துறை ஒப்புதல் தரவில்லை, கடன் கிட்டவில்லை, ஒப்பந்தக்காரரோடு தகராறு, கருவிகள் வந்து சேரவில்லை, வரைபடம் முடியவில்லை. இவற்றோடு, ‘பூமிக்கடியிலே எதிர்பாராத அதிர்ச்சி’ என்றும் ஒரு காரணம்! உதம்பூர்–ஸ்ரீநகர்–பாரமுல்லா ரயில் பாதைக்கு இந்தக் காரணம் பொருந்தும், மறுப்பதற்கில்லை. நொறுங்கும் இமயத்தைக் குடைந்து செல்ல வேண்டிய பாதை அது. 1994–95இல் 2,500 கோடியென மதித்தார்கள். 43,780 கோடி விழுங்கி, 2025 ஜூன் மாதத்திலே முழுப் பாதையும் திறப்பு விழாக் கண்டது. மலை ஏமாற்றியது என்றால் நம்பலாம். நிலத்தைக் கையில் வாங்காமல் அடிக்கல்லை நாட்டிவிட்டு, ‘நிலம் கிடைக்கவில்லை’ என்று பிறகு புலம்புகிறார்களே, அது எந்த மலை செய்த சதி? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

காரணங்களை விடுங்கள். அந்த ஏட்டிலே என்னை உறுத்துவது வேறொரு வரி. முதலில் குறித்த நாளை வைத்து அளந்தால் 831 திட்டங்கள் தாமதமாம். ‘கடைசியாகத் திருத்திய நாளை’ வைத்து அளந்தால் அந்த எண்ணிக்கை குறைந்துவிடுமாம்! குறையாமல் என்ன செய்யும்? நாடகக் கொட்டகையோடு பழகியவன் என்ற முறையிலே எனக்கு இந்த வித்தை புதிதன்று. மாலை ஆறு மணிக்கு நாடகம் என்று ஊரெங்கும் சுவரொட்டி. ஏழாயிற்று, திரை எழவில்லை, எட்டாயிற்று, எழவில்லை. ஒப்பனை அறையிலிருந்து ஒருவர் ஓடிவந்து, வாயிற் பலகையிலே ஆறு என்பதை அழித்து ஒன்பது என்று எழுதுகிறார். ஒன்பதுக்குத் திரை எழுகிறது. “பாரீர், குறித்த நேரத்திலே தொடங்கிவிட்டோம்” என்கிறார் மேலாளர். ஆறு மணிக்கே குழந்தையோடு வந்து தரையிலே குந்தியிருந்த தாய்மார்கள் அவரை என்ன செய்வார்கள் என்பதை நான் எழுதத் தேவையில்லை. கொட்டகையிலே நடந்தால் கல்லெறி; டில்லியிலே நடந்தால் ‘திருத்திய கால அட்டவணை’!

மதுரைக்கு வாருங்கள். 2015ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலே தமிழகத்துக்கு எய்ம்ஸ் மருத்துவமனை உண்டு என்றார்கள். எந்த ஊரில் என்று சொல்ல மூன்றாண்டு. 2018இல் தோப்பூர் என்றார்கள். அவ்வாண்டு டிசம்பரிலே அமைச்சரவை 1,264 கோடிக்கு ஒப்புதல் தந்தது. 2019 ஜனவரி 27ஆம் நாள் பிரதமரே வந்து அடிக்கல் நாட்டினார். முடிக்க வேண்டிய கெடு, 2022 செப்டம்பர். அந்தச் செப்டம்பர் வந்தது, போயிற்று. தோப்பூரிலே மருத்துவமனைக் கட்டடம் எழத் தொடங்கவில்லை. அதற்குள் மதிப்பீடு 1,977 கோடியாகப் பருத்துவிட்டது. ஜப்பானியக் கடனுக்கு 2021 மார்ச்சில்தான் கையெழுத்து. கட்டுமானம் தொடங்கியது 2024 மார்ச்சில். கெடுவோ, 2026 அக்டோபருக்கு நகர்ந்தது. இதற்கிடையே, 2022இல் சேர்ந்த முதல் 50 மாணவர்களுக்கு இராமநாதபுரம் மருத்துவக் கல்லூரியிலே ஒண்டுக் குடித்தனம்! தங்கள் கல்லூரியின் பெயரைச் சான்றிதழிலே காணலாம். கட்டடத்தைக் காண இயலாது என்ற நிலையிலே படித்தார்கள் அப்பிள்ளைகள்.

2021 தேர்தல் களத்திலே உதயநிதி ஸ்டாலின் ஒற்றைச் செங்கல்லைத் தூக்கிக் காட்டினார். நாடு சிரித்தது, கை தட்டியது. நாடகம் எழுதுபவன் நான். அந்தக் காட்சியின் வலிமையை மதிக்கிறேன். ஆனால் கை தட்டிய நாம், அந்தச் செங்கல்லுக்குப் பின்னாலே இருந்த ஏட்டைப் புரட்டினோமா? 2022 செப்டம்பர் என்ற நாளை எத்தனைக் கிளைக் கழகத் தோழர்கள் நினைவிலே வைத்திருக்கிறார்கள்? மறந்தோமானால், நகர்ந்த கெடுவே உண்மைக் கெடுவாகிவிடும். நான்காண்டுத் தாமதம் ‘குறித்த காலத்திலே நிறைவு’ என்று மாலை சூடிக் கொள்ளும்.

முதல் நாளை மறந்தால் பழியும் இடம் மாறும். கூடங்குளத்தை எண்ணிப் பாருங்கள். முதலிரண்டு உலைகளுக்கும் மதிப்பீடு 13,171 கோடி. முதல் உலைக்குக் கெடு 2007 டிசம்பர். இரண்டாவதற்கு 2008 டிசம்பர். வணிக முறையிலே மின்சாரம் வந்ததோ முதல் உலையிலிருந்து 2014 டிசம்பரில், இரண்டாவதிலிருந்து 2017 மார்ச்சில். செலவு 22,462 கோடி. ஏன் தாமதம் என்று கேட்டால், விரல் உடனே இடிந்தகரைப் பக்கம் நீளும்: “மீனவர்கள் மறித்தார்கள்!” அணு உலை வேண்டுமா, வேண்டாமா என்ற வழக்கு இங்கே கிடக்கட்டும். இடிந்தகரைப் பெரும் போராட்டம் எழுந்தது 2011இல். 2007இல் முடிய வேண்டியது 2011 வரை முடியாமற் கிடந்ததே, அந்த நான்காண்டுகள் எந்த மீனவன் வலையிலே சிக்கியிருந்தன? முதற்கெடு கண்ணெதிரே இருந்தால் இந்தக் கேள்வியைப் பள்ளிச் சிறுவனும் கேட்பான். இல்லையென்றால், கஞ்சிக்கு வழியற்றவன் தலையிலே கோடிகளின் பழி ஏறும்.

கல்பாக்கத்து ஈனுலையும் அப்படியே. 2003இல் 3,492 கோடிக்கு ஒப்புதல். 2010இல் இயங்க வேண்டும். உலையின் கருப்பகுதியை நிரப்பும் பணி தொடங்கியதே 2024 மார்ச்சில்தான்.

இன்னொரு மயக்கத்தையும் தெளிவாக்கிவிட வேண்டும். அந்த 2024 மே அறிக்கையிலே, 1,817 திட்டங்களுக்கும் அதுவரை செலவானது 17,07,190 கோடி, அதாவது எதிர்பார்க்கும் மொத்தச் செலவிலே 51.3 விழுக்காடு என்று கண்டிருக்கிறது. படிப்பவர் என்ன நினைப்பார்? பாதி வேலை முடிந்தது போலும் என்று நினைப்பார். பாதிப் பணம் முடிந்தது என்பதுதான் பொருள்! நூறு கோடியில் ஒரு பாலம், பத்து மாதக் கெடு என்று வைத்துக் கொள்வோம். ஐந்தாம் மாதக் கடைசியிலே ஐம்பது கோடி செலவாகிவிட்டது. ஏட்டுக் கணக்கிலே எல்லாம் நலம். எழுந்து நிற்கும் தூண்களையும் தளத்தையும் மதிப்பிட்டுப் பார்த்தால் முப்பது கோடிக்கான வேலைதான் தேறுகிறது. இதே போக்கிலே போனால் பாலம் முடிய 166 கோடிக்கு மேல் வேண்டும். மாதமும் பத்து போதாது. திட்டமிட்ட வேலையின் மதிப்பு, முடிந்த வேலையின் மதிப்பு, உண்மையில் ஆன செலவு ஆகிய மூன்றையும் ஒரே தட்டிலே வைத்துப் பார்த்தாலொழிய உண்மை வெளிவராது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, 1967ஆம் ஆண்டிலேயே, தன் பெரிய ஒப்பந்தக்காரர்கள் இம்முறையிலே கணக்குக் காட்டும் வல்லமை பெற்றிருக்க வேண்டுமென 35 விதிகளை வகுத்தது.

அமெரிக்க வல்லரசின் படைவெறியை நாம் போற்றுவதில்லை. எனினும் கணக்குக் கேட்பதிலே அவர்கள் கண்டதொரு சட்டத்தை நம்மவர் படித்தாக வேண்டும். 1982இல் நன், மெக்கர்டி என்னும் இரு உறுப்பினர்கள் கொணர்ந்தது. ஆயுதத் திட்டமொன்றிலே ஆயுதம் ஒன்றுக்கு ஆகும் செலவு ஓர் அளவுக்கு மேல் ஏறினால் காங்கிரசு மன்றத்துக்கு அறிவிக்க வேண்டும். இன்னும் ஏறினால் திட்டமே கைவிடப்பட வேண்டியதாகக் கொள்ளப்படும். தொடர வேண்டுமென்றால், நாட்டுக்கு இது இன்றியமையாதது, இதைவிட மலிவான வழியில்லை என்று துறைத் தலைவர் சான்றளிக்க வேண்டும். அங்கேயும் அதிகாரிகள் நம் வாயிற் பலகை வித்தையைக் கற்றுக்கொண்டார்கள். மதிப்பீட்டையே திருத்திவிட்டால் மீறல் மறைந்துவிடுகிறதே! அதைக் கண்ட மன்றம் 2006ஆம் ஆண்டுக்கான சட்டத்திலே கதவை அடைத்தது. நடப்பு மதிப்பீட்டைவிட 25 விழுக்காடு ஏறினாலும் மீறல்; நீ எத்தனை முறை திருத்தியிருந்தாலும், முதன்முதல் மதிப்பீட்டைவிட 50 விழுக்காடு ஏறினாலும் மீறல். 2024இல் ‘சென்டினல்’ என்னும் ஏவுகணைத் திட்டம் அந்த வலையிலே விழுந்தது. 81 விழுக்காடு ஏற்றம். திட்டத்தை நிறுத்தினார்களா? இல்லை, சான்று கொடுத்துத் தொடர்ந்தார்கள். ஆயினும் ஒருவர் பெயரெழுதிப் பொறுப்பேற்றுச் சான்றளிக்க வேண்டி வந்ததே, அந்த ஒன்றுகூட இங்கே இல்லை. இங்கே, பல நிறுவனங்கள் திருத்திய செலவையும் நாளையும் தெரிவிப்பதேயில்லை, ஆகவே மீறல் குறைவாகவே காட்டப்பட்டிருக்கக் கூடும் என்று அமைச்சகமே தன் அறிக்கையிலே எழுதி வைத்துவிட்டு அடுத்த மாதத்துக்குப் போய்விடுகிறது!

நாம் கேட்க வேண்டியது இது. முதல் மதிப்பீடும் முதற்கெடுவும் எந்தத் திருத்தத்தாலும் அழிக்கவொண்ணாதவை என்று சட்டம் வரட்டும். ஓர் அளவுக்கு மேல் மீறினால் அமைச்சர் பாராளுமன்றத்திலே எழுந்து நின்று காரணம் சொல்லட்டும். பணி நடக்குமிடத்திலே, அவ்வூர் மக்களின் மொழியிலே, முதல் நாளையும் முதல் தொகையையும் எழுதிய பலகை நிற்கட்டும்.

சில தோழர்களுக்கு நெஞ்சுக்குள் ஓர் ஐயம் எழும். ‘மாநிலத்திலே நாம் ஆளும் காலத்தில் நம் பாலத்துக்கும் இதே பலகை வந்துவிடுமே?’ வரட்டும்! வரத்தான் வேண்டும். மாநில சுயாட்சி கேட்பவர்கள், கணக்குக் காட்டுவதிலே மட்டும் டில்லியைவிடச் சலுகை கேட்கலாமா? நம் ஒப்பந்தக்காரர் நாள் கடத்தினால் நம் ஏடே அதனை முதலில் எழுதட்டும். அந்தத் துணிவு நமக்கில்லையென்றால், டில்லியைப் பார்த்து நீட்டும் விரலை மடக்கிக் கொள்வதே நாணயம்.

அடுத்த கூட்டத்தொடருக்குள் ஒவ்வொரு மாவட்டமும் ஒரு பட்டியல் எழுதட்டும். நம் எல்லைக்குள் நடக்கும் மத்திய அரசுப் பணிகள் எவை, அடிக்கல் விழா எந்நாள், அன்று சொன்ன தொகை எவ்வளவு, சொன்ன கெடு எது. பழைய நாளேடுகளைப் புரட்டினாற் கிடைக்கும். அதை நம் நாடாளுமன்ற உறுப்பினரிடம் ஒப்படையுங்கள். நட்சத்திரக் குறியில்லாக் கேள்வியாக அவர் எழுதித் தரட்டும். எழுத்திலே மறுமொழி தந்தாக வேண்டும். அம்மறுமொழியைத் தமிழாக்கி, பணி நடக்கும் ஊரின் படிப்பகத்திலே ஒட்டிவையுங்கள். படி ஒன்றை இந்த ஏட்டுக்கும் அனுப்புங்கள்.